முதல் பாட்டை யார் கேட்டீர்கள்?

சென்ற வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படம் மறுபடியும் வந்தது. கையில் கிராமி விருதோடு சிரிக்கும் தென்னாப்பிரிக்கப் பாடகி டைலா. கீழே, "நம் ரத்தம்! நம் தமிழ்ப் பெண்! பெருமையோடு பகிருங்கள்" என்று யாரோ எழுதியிருந்தார்கள். பெரியம்மா, சித்தப்பா, கேப் டவுனில் இருக்கும் மச்சான் வரை எல்லோரும் கைகூப்பும் படங்களாகப் போட்டு நிரப்பினார்கள். நான் ஒரே ஒரு கேள்வி எழுதினேன்: "இந்தப் பெண்ணின் முதல் பாட்டு எது?" இரண்டு நாளாகியும் குழுவில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அண்ணன் மகள் மட்டும் தனியாக எழுதினாள்: "கெட்டிங் லேட், அத்தை. 2019."

அந்த ஒரு வரிதான் என்னை எழுத உட்கார வைத்தது. பதிவு நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரத்த விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். டைலா 2002 ஜனவரியில் ஜோஹன்னஸ்பர்க்கில் பிறந்த பெண். தன் முன்னோரில் ஜூலு, ஐரிஷ், மொரீஷியஸ், இந்திய வழிகள் கலந்திருக்கின்றன என்று அவளே சொல்லியிருக்கிறாள். தன்னைக் 'கலர்ட்' என்று அழைத்துக்கொள்கிறாள். அமெரிக்காவில் அந்தச் சொல்லைக் கேட்டு முகம் சுளித்தவர்கள் உண்டு; அங்கே அந்தச் சொல் சுமக்கும் வரலாறு வேறு. இங்கே தென்னாப்பிரிக்காவில் அது, நிறவெறி ஆட்சியின் 1950ஆம் ஆண்டு மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் கலப்பு வம்சத்தினரின் நெற்றியில் ஒட்டிய சொல். சட்டம் போய்விட்டது. அந்தப் பெயரோடு வாழ்ந்தவர்களின் பேச்சும் சமையலும் பாட்டும் இருக்கின்றன. அவள் தன்னை எப்படி அழைக்கிறாளோ அப்படியே நாமும் அழைப்பதுதான் மரியாதை. அதிலிருந்து கால் பங்கைப் பிய்த்தெடுத்து நம் பெயரை ஒட்டுவது எனக்குச் சிறிதும் பிடிக்கவில்லை.

இனி பாட்டுக்கு வருகிறேன்.

2019 அவள் பள்ளிப் படிப்பை முடித்த வருடம். அதற்கு முன்பே இன்ஸ்டாகிராமில் மற்றவர்களுடைய பாடல்களைப் பாடிப் போட்டுக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துத்தான் பதிவுக்கூடத்துக்கு அழைப்பு வந்தது. மேல்படிப்புக்கு அனுப்ப நினைத்த பெற்றோரிடம், "ஒரு வருடம் கொடுங்கள், பாடிப் பார்க்கிறேன்" என்று கேட்டு வாங்கினாள். நம் வீடுகளில் இந்த ஒரு வருடத்தைக் கேட்பது எவ்வளவு கடினம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கேட்டவுடன் அம்மா சாப்பிடாமல் படுத்துவிடுவார்.

அந்தப் பாட்டை அவளோடு சேர்ந்து உருவாக்கியவரின் மேடைப் பெயர் கூல்டிரிங்க். நம் ஊர்க் கடைகளில் சோடாவுக்குச் சொல்லும் அதே சொல். பாட்டின் தலைப்பிலேயே அவர் பெயரும் நிற்கிறது. எனக்கு அது மிகவும் பிடித்தது. தாளத்தைச் செய்தவனின் பெயரை அடிக்குறிப்பில் ஒளித்து வைக்காமல் பாடகியின் பக்கத்திலேயே நிறுத்தியிருக்கிறார்கள்.

தாளம் அமாபியானோ. இங்கே இருப்பவர்களுக்கு விளக்க வேண்டாம். தமிழ்நாட்டிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் படிக்கும் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். ஜூலுவில் அந்தச் சொல்லுக்குப் 'பியானோக்கள்' என்று பொருள். ஜோஹன்னஸ்பர்க், பிரிட்டோரியாவைச் சுற்றியுள்ள கறுப்பின மக்களின் குடியிருப்புகளில் 2010களின் நடுவில் எழுந்த இசை. நிமிடத்துக்கு ஏறத்தாழ 110லிருந்து 115 தட்டு. ஓடவும் விடாது, உட்காரவும் விடாது. தோளும் இடுப்பும் மட்டும் தானாக அசையும் வேகம் அது. வானொலிகள் தொடக்கத்தில் அதைக் கண்டுகொள்ளவில்லை. பென்டிரைவிலும் வாட்ஸ்அப்பிலும் மினிபஸ் டாக்சிகளின் ஒலிபெருக்கிகளிலும்தான் அது ஊர் ஊராகப் போனது. டர்பனில், இந்தியர்கள் நிறைந்த சாட்ஸ்வர்த்தில், எங்கள் குடியிருப்பைத் தாண்டி டாக்சி போகும்போது சமையலறை அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். அந்த அதிர்வுக்குக் காரணமான ஒலிக்கு 'லாக் டிரம்' என்று பெயர்.

பெயரைக் கேட்டு ஏதோ மரத்தைக் குடைந்து செய்த முரசு என்றுதான் நான் நினைத்திருந்தேன். அண்ணன் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து காட்டினாள். முரசும் இல்லை, தோலும் இல்லை. எஃப்.எல். ஸ்டூடியோ என்ற மென்பொருளுக்குள் இருக்கும் ஒரு செயற்கை ஒலிக்கருவி. எம்.டி.யு. என்ற இளைஞர் அதைத் துழாவிக்கொண்டிருந்தபோது கண்டெடுத்த ஒலி, ஒரு நாட்டின் இசையையே மாற்றிவிட்டது. அவள் ஹெட்ஃபோனை என் காதில் மாட்டி ஒரே ஒரு விசையை அழுத்தினாள். 'டும்' என்று விழுந்த ஒலி விழுந்த இடத்தில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு கீழே போனது. கிணற்றில் குடம் இறங்குவதுபோல.

"அத்தை, இதை எங்கேயோ கேட்டிருக்கிறீர்கள் அல்லவா?" என்றாள்.

கேட்டிருக்கிறேன். காவடி எடுக்கும் காலையில், அருள் வருவதற்குச் சற்று முன், உடுக்கையின் கயிற்றை விரல்களால் இறுக்கும்போது அந்தச் சுருதி வளையும் பாருங்கள், அதே வளைவு. இரண்டையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. சொவெட்டோ பக்கத்துப் பையன்கள் யாரும் உடுக்கையைக் கேட்டு இதைச் செய்யவும் இல்லை. ஆனால் அந்த வளைவில் உடம்பு என்ன செய்யும் என்பது நமக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

'கெட்டிங் லேட்' பாட்டில் டைலா செய்த காரியம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. அப்போது அமாபியானோ பாடல்கள் பெரும்பாலும் டி.ஜே.க்களின் சொத்து. ஆறு, ஏழு நிமிடம் நிதானமாக ஓடும். குரல் நடுநடுவே வந்து நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போகும். பதினேழு வயதுப் பெண் அதன்மேல் ஒரு முழு ஆங்கில பாப் பாடலை, தொடக்கமும் பல்லவியும் உள்ள பாடலை, அவசரமே இல்லாத குரலில் வைத்தாள். கீழே தாளம் இழுக்கிறது, மேலே குரல் மிதக்கிறது. ஒன்றை ஒன்று துரத்தவில்லை. நான் முதலில் கேட்டபோது, "இவள் கத்தவே மாட்டாளா?" என்று தோன்றியது. மூன்றாவது முறை கேட்டபோதுதான் கத்தாமல் இருப்பதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்று புரிந்தது. முதல் பாட்டில் எல்லோரும் தமக்குத் தெரிந்த வித்தையெல்லாம் இறக்குவார்கள். நம் கோயில் விழா மேடைகளிலும் பார்த்திருக்கிறோம், கிடைத்த மூன்று நிமிடத்தில் முப்பது சங்கதி. இவள் அடக்கி வாசித்தாள்.

பாட்டு வெளியானது. உலகம் ஒன்றும் புரண்டுவிடவில்லை. சில மாதங்களில், 2020 மார்ச் கடைசியில், நாடே கதவைச் சாத்திக்கொண்டது. சிகரெட் விற்பனைக்குக்கூடத் தடை இருந்த அந்த நாட்கள் உங்களுக்கு நினைவிருக்கும். அம்மா அப்பாவிடம் கெஞ்சி வாங்கிய ஒரு வருடம் ஊரடங்கில் போயிருக்கும். அந்தப் பாட்டின் வீடியோ 2021 ஜனவரியில்தான் வெளிவந்தது. பாட்டு வந்து ஒரு வருடத்துக்கும் மேல்! இத்தனை நாள் கழித்துப் பழைய பாட்டுக்கு எதற்கு வீடியோ, புதிதாக ஒன்று பாடலாமே என்று சொல்லும் வாய்கள் எங்கும் உண்டு. அவள் அந்தப் பாட்டைக் கைவிடவில்லை. அந்த வீடியோதான் அவளை ஊருக்குக் காட்டியது. அதே வருடம் எபிக் ரெக்கார்ட்ஸ் என்ற அமெரிக்க இசை நிறுவனத்தின் ஒப்பந்தம் வந்தது. அடுத்த வருடம் தென்னாப்பிரிக்க இசை விருதுகளில் சிறந்த வீடியோவுக்கான பரிந்துரையும் வந்தது.

'வாட்டர்' கதை எல்லோருக்கும் தெரியும், அதனால் வேகமாகக் கடந்துவிடுகிறேன். 2023 ஜூலையில் பாட்டு. மேடையில் முதுகில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு ஆடிய ஆட்டம் உலகமெல்லாம் பரவியது. அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பாடல் பட்டியலில் 7ஆம் இடம் வரை ஏறியது. தனிக் கலைஞராக இந்த நாட்டிலிருந்து அந்தப் பட்டியலுக்குள் நுழைந்தவர் அதற்கு முன் டிரம்பெட் கலைஞர் ஹியூ மசெகெலாதான் என்று செய்திகள் சொல்லின, அதுவும் 1968இல். 55 வருட இடைவெளி. 2024 பிப்ரவரி 4ஆம் தேதி, சிறந்த ஆப்பிரிக்க இசை நிகழ்த்தலுக்காக முதன்முதலாகக் கொடுக்கப்பட்ட கிராமியை அவள் வாங்கியபோது வயது 22.

'வாட்டர்' ஒரே இரவில் வந்த வெற்றி என்று எழுதியவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. முதல் பாட்டுக்கும் அதற்கும் நடுவில் ஏறத்தாழ நான்கு வருடம் இருக்கிறது. அந்த நான்கு வருடமும் யாரோ சிலர் அந்த முதல் பாட்டைக் கேட்டார்கள், ஆடினார்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அனுப்பினார்கள். நாம் அந்தச் சிலரில் இல்லை. இதைத்தான் நம் மக்களிடம் வெளிப்படையாகச் சொல்ல விரும்புகிறேன். கோப்பை வந்த பிறகு ரத்தம் பார்க்க ஓடி வருகிறோம். முதல் பாட்டுக்கு நம்மிடம் காது இல்லை.

சும்மா சொல்லவில்லை. 2016 மே மாதம் தென்னாப்பிரிக்கப் பொது ஒலிபரப்பு நிறுவனமான எஸ்.ஏ.பி.சி. தன் வானொலிகளில் 90 சதவீதம் உள்நாட்டு இசைதான் ஒலிக்க வேண்டும் என்று அறிவித்தது. அதன் இந்தியர்களுக்கான வானொலி லோட்டஸ் எஃப்.எம். அதைக் கேட்பவர்களான நாம் என்ன செய்தோம்? கொதித்தெழுந்தோம். அந்த அறிவிப்பில் குறை இருந்தது, மறுக்கவில்லை. ஆயத்தமே இல்லாமல் ஒரே நாளில் திணித்தார்கள். சினிமாப் பாட்டுகளோடு வளர்ந்த முதியவர்களின் காலைப் பொழுது சட்டென்று பறிபோனது. என் அம்மாவும் வானொலியை அணைத்தார். ஆனால் அந்த விவாதம் முழுவதிலும், "சரி, நம் பிள்ளைகள் பாடியது எங்கே? அதில் நல்லது எது?" என்று என் காது கேட்க யாரும் பேசவில்லை. 1860இல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கியவர்களின் வழி வந்த நமக்கு, இங்கேயே எழுதி, இங்கேயே மெட்டமைத்து, இங்கேயே ஆடும் ஒரு தமிழ்ப் பாட்டு தேவையாகவே படவில்லை. கரும்புத் தோட்டத்தில் நாள் முழுக்க வெட்டிவிட்டு வந்து இரவில் தெருக்கூத்து ஆடிய தாத்தாக்களுக்கு அது தேவையாக இருந்தது.

சென்ற வருடம் எங்கள் பகுதியில் ஒரு கலை விழா. பெயர் வேண்டாம். சென்னையிலிருந்து பாடகர் வந்தார், நன்றாகவும் பாடினார், அவர்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அண்ணன் மகள் தான் எழுதிய பாட்டைப் பாடக் கேட்டாள். "சொந்தப் பாட்டெல்லாம் வேண்டாம்மா, யாருக்கும் தெரியாது. தெரிந்த சினிமாப் பாட்டு ஒன்றைக் கரோக்கியில் பாடு" என்றார்கள். யாருக்கும் தெரியாதாம்! முதல் பாட்டு எப்படித் தெரிந்திருக்கும்? கடைசியில் அவளுக்குக் கிடைத்தது மாலை ஐந்து மணி, நாற்காலி போட்டுக்கொண்டிருந்த நேரம். சினிமாப் பாட்டையே பாடிவிட்டு வந்து காரில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணி, "போகட்டும், முதலில் பரீட்சையைப் பார்" என்றார். நானும் தலையாட்டினேன். அதற்காக இன்றுவரை வருந்துகிறேன்.

நல்லவேளை, அவள் எங்கள் பேச்சைக் கேட்கவில்லை. ஜூலையில், மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் வாரத்தில், என் வீட்டுக்கு வந்து பூஜை அலமாரியிலிருந்த தாத்தாவின் உடுக்கையைக் கேட்டாள். டர்பன் ஈரக் காற்றில் தோல் தொய்ந்து, தட்டினால் அட்டைப்பெட்டி போலச் சத்தம். காஸ் அடுப்பைச் சிறிதாக எரியவிட்டு, ஒரு முழ உயரத்தில் பிடித்து, தாத்தா செய்வதுபோலச் சுற்றிச் சுற்றிக் காட்டினேன். பத்து நிமிடத்தில் தோல் விறைத்தது. படுக்கையறையில் இரண்டு கம்பளியைத் தலைக்கு மேல் கூடாரமாகப் போட்டுக்கொண்டு, உள்ளே கைபேசியை வைத்து ஒலிப்பதிவு செய்தாள். வெளியே நாய் குரைத்தால் மறுபடியும் முதலிலிருந்து. பதினோரு முறை எடுத்தாள். நான் கதவுக்கு வெளியே நின்று எண்ணினேன்.

பாட்டு தமிழில் இருக்கிறது, கொஞ்சம் ஜூலுவும் வருகிறது. பக்கத்திலுள்ள கறுப்பின மக்களின் ஊரான உம்லாசியில் இருக்கும் வகுப்புத் தோழன் அந்த வரிகளை எழுதிக் கொடுத்திருக்கிறான். எங்கள் வீட்டு மாடியில் நின்றால் பள்ளத்தாக்குக்கு அப்பால் உம்லாசி விளக்குகள் தெரியும். நிறவெறிக் காலத்துச் சட்டம் நடுவில் ஆற்றை வைத்து இரண்டு ஊராகப் பிரித்தது. சனிக்கிழமை இரவுகளில் அவர்களுடைய பாட்டு இங்கே கேட்கும், நம் கோயில் மேளம் அங்கே கேட்டிருக்கும். அவன் பெயரையும் தலைப்பிலேயே போடப்போவதாகச் சொல்கிறாள். எழுதியவர்களுக்கு வானொலிப் பணம் சரியாகப் போய்ச் சேர பாடலாசிரியர்களின் உரிமைத்தொகையை வசூலித்துக் கொடுக்கும் சாம்ரோ அமைப்பில் இரண்டு பேரும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நேற்று இரவு பதினொன்றரைக்கு அனுப்பினாள். இதுவரை ஆறு முறை கேட்டுவிட்டேன். இரண்டாவது சரணத்தில் லாக் டிரம் இறங்கும் இடத்துக்கு உடுக்கை ஒரு நொடி பிந்தி வருகிறது. அதை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுக்க வேண்டும். சனிக்கிழமை வருகிறாள், அப்போது சொல்வேன். கேட்க விரும்புகிறவர்கள் கீழே பெயரை எழுதுங்கள், அவளிடம் கேட்டு அனுப்புகிறேன்.