துரோப்பீமு நுழையாத வாசல்

இஸ்தான்புல் நகரத்துத் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் ஒரு சுண்ணாம்புக் கல் இருக்கிறது. அதில் ஏழு வரிகள், கிரேக்க எழுத்தில். 1871இல் பிரெஞ்சு ஆய்வாளர் கிளெர்மோன் கன்னோ எருசலேமில் அதைக் கண்டெடுத்தார். அந்நகரம் அப்போது ஒட்டோமான் அரசின் கீழ் இருந்ததால் கல் தலைநகரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நான் படத்தில் பார்த்ததோடு சரி. அந்த ஏழு வரிகளின் பொருள் இதுதான்: அந்நியன் (யூதரல்லாத புறஜாதியான்) எவனும் ஆலயத்தைச் சுற்றியுள்ள தடுப்புக்குள் நுழையக் கூடாது, பிடிபடுகிறவன் தனக்கு நேரிடும் மரணத்துக்குத் தானே பொறுப்பு.

ஏரோது ராஜா எருசலேமில் பெரிதாக்கிக் கட்டிய யூதர்களின் தேவாலயத்தின் வெளிப்பிராகாரத்துக்குள் யாரும் வரலாம். அதைத் தாண்டி உள்ளே போகும் இடத்தில் மூன்று முழ உயரத்துக்குக் கல்லால் ஒரு தடுப்பு இருந்ததென்றும், அதில் கிரேக்கத்திலும் லத்தீனிலும் எச்சரிக்கைப் பலகைகள் பதிக்கப்பட்டிருந்தனவென்றும் அக்காலத்து யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதி வைத்திருக்கிறார். மூன்று முழம் என்பது ஒரு மனிதனின் நெஞ்சளவு. எட்டிப் பார்க்கலாம், உள்ளே நடப்பது தெரியும், கால் மட்டும் வைக்க முடியாது. முற்றிலும் மறைக்கிற மதிலைவிட இது கொடியது என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தச் செய்தியைச் சொன்னவுடன் யூதர்களைக் குறைகூறக் கிளம்புவது நம்முடைய பிரசங்க மேடைகளில் வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. எல்லா ஜனங்களுக்கும் ஜெபவீடு என்ற சொல் அவர்களுடைய ஏசாயா தீர்க்கதரிசியின் சொல். இயேசு ஆலயத்தில் நின்று எடுத்துரைத்ததும் அதையேதான். தடுப்பை வைத்ததும் அதைக் கண்டித்ததும் ஒரே வீட்டுக்குள் நடந்த காரியங்கள். நம் வீட்டுக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

அப்போஸ்தலர் நடபடிகள் 21ஆம் அதிகாரத்தில் அப்போஸ்தலனாகிய பவுல் கைது செய்யப்படும் காட்சியை இந்தக் கல்லை மனதில் வைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள். அவர்மேல் சுமத்தப்பட்ட குற்றம், கிரேக்கரை ஆலயத்துக்குள் கூட்டிக்கொண்டு வந்தார் என்பது. எபேசியனாகிய துரோப்பீமு அவரோடு நகரத்தில் நடந்து போனதைச் சிலர் பார்த்திருந்தார்கள். ஆகவே ஆலயத்துக்குள்ளும் அழைத்துப் போயிருப்பார் என்று எண்ணிக்கொண்டார்கள். துரோப்பீமு அந்தத் தடுப்பைத் தாண்டவே இல்லை. ஆனால் உள்ளே நிற்கப் பிறப்புரிமை பெற்றிருந்த பவுல் பிடித்து வெளியே இழுக்கப்பட்டார். உடனே கதவுகள் அடைக்கப்பட்டன என்று அந்நூலை எழுதிய லூக்கா சொல்கிறார். அடைபட்ட கதவுக்கு வெளியே நின்றவர் யூதர், பென்யமீன் கோத்திரத்தார், யூத வேத ஆசான் கமாலியேலின் மாணவர். அந்த நாளுக்குப் பிறகு செசரியா, ரோமாபுரி என்று அவருடைய வாழ்க்கை நெடுங்காலம் காவலிலேயே கழிந்தது.

பின்னர் எபேசு பட்டணத்தாருக்கு, அதாவது துரோப்பீமுவின் ஊராருக்கு, ஒரு நிருபம், அதாவது கடிதம், போகிறது. அதைப் பவுலே எழுதினாரா, அவர் வழிவந்த சீடர் ஒருவர் எழுதினாரா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. அதில் வரும் ‘பிரிவினையாகிய நடுச்சுவர்’ என்ற சொல் எருசலேமின் கல் தடுப்பையே குறிக்கிறதா என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. எப்படியானாலும், கிறிஸ்து அந்தச் சுவரைத் தகர்த்தார் என்று அறிக்கையிடுகிற இந்த நிருபம், புறஜாதியாராகிய உங்கள்பொருட்டுக் கட்டுண்டிருக்கிறவன் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஒருவரின் குரலில் பேசுகிறது. தூரமாயிருந்த நீங்கள் கிறிஸ்துவின் இரத்தத்தினாலே சமீபமானீர்கள் என்ற வாக்கியத்தில் நாம் எல்லோரும் ‘சமீபமானீர்கள்’ என்ற சொல்லுக்கு ஆமென் சொல்கிறோம். ‘இரத்தத்தினாலே’ என்ற சொல்லை ஞானப்பாட்டின் தாளத்தில் கடந்துபோய்விடுகிறோம். வெளியே நின்றவன் உள்ளே வருவதற்கு, உள்ளே இருந்த ஒருவர் தம்முடைய இடத்தை இழந்திருக்கிறார். வாசலைத் திறந்து வைத்த செலவு அவருடையது.

மாற்கு சுவிசேஷத்தின் முதலாம் அதிகாரத்தில் வரும் குஷ்டரோகியின் கதையில் இது இன்னும் நெருக்கமாகத் தெரிகிறது. மோசேயின் நியாயப்பிரமாணத்தின்படி அவன் பாளயத்துக்குப் புறம்பே தனியே குடியிருக்க வேண்டியவன். இயேசு நினைத்திருந்தால் ஒரு வார்த்தையால் குணமாக்கியிருக்கலாம். வேறு இடங்களில் அப்படிச் செய்திருக்கிறார். இங்கே கையை நீட்டித் தொடுகிறார். எத்தனை ஆண்டுகளாக அந்த உடலை யாரும் தொடாதிருந்தார்களோ, சுவிசேஷகர் சொல்லவில்லை. சொல்லாததைக் கற்பனை செய்துகொள்ள நமக்குச் சிரமம் இல்லை. தொட்டால் தீட்டு என்ற சொல்லின் முழு எடையும் தெரிந்த மண்ணில் பிறந்தவர்கள் நாம். குணமானவன் ஆசாரியனிடம் போய், ஊருக்குள் போய், தன் வீட்டாரிடம் போகலாம். ஆனால் அந்தப் பகுதியின் கடைசி வசனத்தைப் பாருங்கள். அவன் போய் எங்கும் பிரசித்தம் பண்ணினதனால் இயேசு வெளியரங்கமாய்ப் பட்டணத்துக்குள் வரக்கூடாமல், வெளியே வனாந்தரமான இடங்களில் தங்கியிருந்தார். மாற்கு சொல்லும் காரணம் கூட்ட நெரிசல்தான். அதை நான் மறைக்கவில்லை. என்றாலும், கதை தொடங்கும்போது வெளியே இருந்தவன் யார், முடியும்போது வெளியே இருப்பவர் யார் என்று பார்த்தால், இருவரும் இடம் மாறியிருக்கிறார்கள். நகர வாசலுக்குப் புறம்பே அவர் பாடுபட்டார் என்று எபிரெயர் நிருபம் பிற்பாடு சொல்லப்போகும் செய்தியை மாற்கு தம்முடைய முதல் அதிகாரத்திலேயே போகிறபோக்கில் சொல்லிவிட்டார்.

நம்முடைய சபைகளில் வரவேற்பு என்றால் என்ன? புதிதாக வந்தவர்கள் எழுந்து நிற்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள், கைதட்டுகிறோம், ஒரு சரணம் பாடுகிறோம். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் மூப்பர் ஒருவர் அன்போடு தோளில் கைபோட்டுக் கேட்பார்: "தம்பிக்குச் சொந்த ஊர் எது?" ஊர் பெயர் போதாது, ஊரில் எந்தத் தெரு, அப்பா பெயர் என்ன, பெண் எடுத்தது எங்கே என்று கேள்விகள் நீளும். கேட்கிறவர் எதைத் தேடுகிறார் என்பது இருவருக்குமே தெரியும். அதுவும் ஒரு மூன்று முழத் தடுப்புதான். உள்ளே நடப்பதை வந்தவர் பார்க்கலாம், பாடலாம், காணிக்கை போடலாம்.

திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்தை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1745இல் நீலகண்டன் என்ற திருவிதாங்கூர் அரண்மனை ஊழியர் அங்கே திருமுழுக்குப் பெற்று தேவசகாயம் ஆனார். குளச்சல் போரில் பிடிபட்டு மார்த்தாண்ட வர்மாவிடம் பணிசெய்த டச்சுத் தளபதி டிலனாய்தான் அவருக்கு வேதத்தை எடுத்துச் சொன்னவர். நட்டாலத்தில் உயர்குடியில் பிறந்து, அரசனின் அலுவலில் இருந்து, வேண்டிய மரியாதை எல்லாம் பெற்றிருந்த அவர், தாழ்த்தப்பட்டவர்களோடு வேறுபாடின்றிப் பழகியது தம்முடைய வகுப்பாருக்குப் பொறுக்கவில்லை என்று கத்தோலிக்கத் திருச்சபை அவர் வரலாற்றில் பதிவு செய்திருக்கிறது. அவரை எருமைமேல் பின்னோக்கி உட்கார வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15 அன்று அவர் புனிதர் என்று அறிவிக்கப்பட்டார்.

அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு பெரிய கோயில் எழுந்தது. கால்சட்டையின் இரண்டு கால்களைப் போல இரண்டு நீண்ட மண்டபங்கள் விரிந்து, பீடத்தில் மட்டும் ஒன்று சேரும். ஒரு காலில் ஒரு சாதியார், மற்றக் காலில் மற்றச் சாதியார். பெயர் சொல்லத் தேவையில்லை, தென்பாண்டியார் அறிவார்கள். ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஒரே நற்கருணையை வாங்குவதற்காக ஒரு கட்டடக் கலையையே நாம் உண்டாக்கினோம்! 1910இல் குருமார்கள் அந்தப் பிரிவைத் தகர்த்தபோது, அது தங்கள் உரிமை என்று ஒரு சாதியார் வழக்குத் தொடுத்தார்கள். மதராஸ் உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். சுவர் விழுந்ததற்காக நீதிமன்றத்துக்குப் போனவர்களும் ஒவ்வொரு பாஸ்காவிலும் நடுச்சுவரைத் தகர்த்தவரைத்தான் வணங்கினார்கள்.

நான் தென்னிந்தியத் திருச்சபையாகிய சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவன், கத்தோலிக்கரைச் சுட்டிக்காட்டிவிட்டு நழுவ எனக்கு வழியில்லை. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உடனே ஒழிய வேண்டும் என்று எழுதியனுப்பியபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் எங்கள் முன்னோர் பலர் வேற்றுமையை விடவில்லை. சபையை விட்டு விலகினார்கள். நற்கருணையில் எல்லோரோடும் ஒரே பாத்திரத்தில் பானம் பண்ணுவது அவர்களுக்கு அத்தனை பெரிய இழப்பாகத் தெரிந்தது. இழப்பு என்று அவர்கள் நினைத்தது சரிதான் என்றே சொல்வேன். தலைமுறைகளாக வைத்திருந்த ஒன்றைக் கையைவிட்டுப் போகவிட வேண்டியிருந்தது. அவர்களுக்குக் கணக்குத் தெரிந்திருந்தது. விலை கொடுக்க மனம் இல்லை. விலையே இல்லாததுபோல் ‘யாவரும் வருக’ என்று பலகை எழுதி வைக்கும் நம்மைவிட அவர்கள் நேர்மையானவர்களோ என்றுகூடச் சில சமயம் நினைப்பதுண்டு.

இதையெல்லாம் எழுதுகிற என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 29 ஆண்டுகளுக்கு முன்பு நடந்த என் திருமணத்தில் ஆயர் வாசித்தது எபேசியர் நிருபம்; மணமகள் என் சாதி. மாற்றிச் செய்ய வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவும் இல்லை, யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவும் இல்லை. போன மாதம் மகளுக்கு வரன் பார்ப்பதற்காக ஒரு கிறிஸ்தவத் திருமணத் தகவல் மையத்தில் படிவம் கொடுத்தேன். சபை என்ற கட்டத்துக்குக் கீழே ‘உட்பிரிவு’ என்று ஒரு கட்டம். அதை வெறுமையாக விட்டேன். இரண்டு நாள் கழித்து அங்கிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தார்.

"சார், ஒரு கட்டம் காலியா இருக்கே. அதைப் போட்டாத்தான் நாங்க தேட முடியும்."

"எதுவானாலும் சம்மதம் என்று போட்டுக்கொள்ளுங்கள் அம்மா."

"அப்படிப் போட இதுல இடம் இல்ல சார்."

படிவத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். என் மனைவி இதைக் கேட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீங்க கல்யாணம் பண்ணும்போது இந்த வசனம் எல்லாம் எங்கே போச்சு? இப்ப மட்டும் பிள்ளை தலையிலா வைக்கிறது?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நான் கொடுக்காமல் விட்ட விலையை மகளைக் கொண்டு கொடுக்கப் பார்க்கிறேன். அவளிடம் நாங்கள் இருவருமே இன்னும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. படிவம் மேசைமேல் வேதாகமத்துக்கு அடியில் இருக்கிறது. மகள் சனிக்கிழமை ஊருக்கு வருகிறாள்.