அந்தத் தாளில் இருந்தது தமிழ்தான்

வீடியோவை நான் மறுபடியும் இங்கே போடப் போவதில்லை. எல்லோரும் பார்த்தாகிவிட்டது. ஆடி வெள்ளியன்று இங்கே பர்மாவில், நம் தமிழர் கோயில் மேடையில் அந்தப் பிள்ளை அம்மன் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். இரண்டாவது அடி முடிவதற்குள் நம் கோயில் பெரியவர் மேலே ஏறி வந்து, கையிலிருந்த தாளை வாங்கி, ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பர்மா எழுத்தா? தமிழ் படிக்கத் தெரியாதவங்க எதுக்கு மேடை ஏறணும்?" என்று மைக்கிலேயே கேட்டார். அவள் இறங்கிப் போனாள். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

மூன்று நாள் பேசாமல் இருந்தேன். கோயில் விஷயம், பெரியவர் விஷயம், நமக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நேற்று ராத்திரி ஒரு குரூப்பில் அந்த வீடியோவைப் போட்டு, கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை அவள். அதைப் பார்த்த பிறகு என்னால் தூங்க முடியவில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. அந்தத் தாளில் எழுத்து பர்மியம், பாட்டு தமிழ். நான் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன், காதால் கேட்டேன், ஒரு எழுத்து பிசகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டிருந்தால் பெரியவருக்கும் ஒரு குறை தெரிந்திருக்காது.

தமிழைப் பர்மிய எழுத்தில் எழுதுவது சுலபம் என்று நினைக்கிறவர்கள் ஒரு வரி எழுதிப் பாருங்கள். நம்முடைய 'ர'வுக்கு அங்கே ஓர் எழுத்து இருக்கிறது, ஆனால் இப்போது பர்மியர்கள் அதைப் பெரும்பாலும் 'ய' என்றுதான் வாசிக்கிறார்கள். நாம் ரங்கூன் என்பதை அவர்கள் யாங்கோன் என்பது அதனால்தான், இரண்டுக்கும் ஒரே எழுத்து. 'ல்' என்று ஒரு சொல் முடிந்தால் இன்னும் கஷ்டம். பர்மியப் பேச்சில் அப்படி ஒரு முடிவே கிடையாது, எழுதி மேலே கொக்கி போட்டாலும் வாசிக்கும்போது அந்த எழுத்து ஊமையாகிவிடும். 'பால்' என்று எழுதி வைத்தால் பள்ளிக்கூடப் பழக்கத்தில் வாய் 'பா'வோடு நின்றுவிடும். அந்தப் பிள்ளை ஒவ்வொரு வரியிலும் கண் பார்ப்பது ஒன்று, வாய் சொல்வது ஒன்று என்று இரண்டையும் பிடித்துக்கொண்டு பாடினாள். அந்த வாய் எங்கிருந்து வந்தது? அவள் ஆயாவிடமிருந்து. கரண்ட் இல்லாத ராத்திரிகளில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஆயா ஒவ்வொரு வரியாகச் சொல்ல, இவள் தனக்குத் தெரிந்த எழுத்தில் எழுதிக்கொண்டாள். ஆயாவுக்கு எந்த எழுத்தும் தெரியாது. தமிழும் தெரியாது, பர்மியமும் தெரியாது. பாட்டு முழுக்கத் தெரியும்.

"தமிழனுக்குத் தமிழ் எழுத்து தெரிய வேண்டாமா அக்கா, பெரியவர் கேட்டதில் என்ன தப்பு?" என்று ஒரு தம்பி இன்பாக்ஸில் கேட்டிருக்கிறார். முழுவதும் ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ். தம்பி, நீங்கள் எழுதியதைத் தமிழ் என்று ஏற்றுக்கொண்டுதான் நான் படித்தேன், பதிலும் எழுதுகிறேன். அதே மரியாதையை அந்தப் பிள்ளைக்கும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

எழுத்து தெரிய வேண்டும். யார் வேண்டாம் என்றது? பதினோரு வருடமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டு முன்னறையில் பாய் விரித்து அ, ஆ சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு வருடம் பதினான்கு பிள்ளைகள், ஒரு வருடம் மூன்று பிள்ளைகள். மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் நின்றால் ஒருவரும் வர மாட்டார்கள். அப்படி இருந்தும் விடாமல் நடத்துகிற நானே சொல்கிறேன், எழுத்து வருவதற்கு முன்னால் பேச்சு வர வேண்டும், பேச்சுக்கு முன்னால் ஒரு ஆயா வேண்டும். அந்தப் பிள்ளைக்கு இரண்டும் இருந்தது. மூன்றாவதைத் தேடித்தான் இந்த ஆனி மாதம் என்னிடம் வந்தாள்.

எங்கள் அப்பா கதையைச் சொல்கிறேன். 1965இல் தனியார் பள்ளிகளை எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது அவர் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. அதோடு அவருடைய தமிழ்ப் படிப்பு முடிந்தது. மறுநாளிலிருந்து எல்லாம் பர்மியம். அதற்கு முந்தின வருடம்தான் கடைகளை எடுத்தார்கள், ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள், லட்சக்கணக்கில் நம் ஆட்கள் கப்பல் ஏறியதும் அந்தக் காலத்தில்தான். எங்கள் அப்பத்தாவின் தங்கச்சியும் புருஷன் பிள்ளைகளோடு மதராஸுக்குக் கப்பல் ஏறினார். அப்பத்தா இங்கேயே நின்றுவிட்டார், வயலை விட்டு எங்கே போவது என்று. வருடத்துக்கு இரண்டு கடிதம் வரும். படிக்க வீட்டில் அப்பா ஒருவர்தான். மூன்றாம் வகுப்புத் தமிழை வைத்துக்கொண்டு விரலை வரியின் மேல் நகர்த்தி, எழுத்துக் கூட்டி, சாயங்காலம் தொடங்கினால் விளக்கு வைத்து வெகுநேரம் ஆகும் ஒரு கடிதம் முடிய. நடுவில் அப்பத்தா, "அந்த இடத்த இன்னொருக்கா படி" என்பார். பெரும்பாலும் அது "நலம், நலமறிய ஆவல்" என்கிற இடம்தான்.

அந்த அப்பாதான் எங்கள் வீட்டு மொய் நோட்டை எழுதியவர். இன்னும் என்னிடம் இருக்கிறது. முனியம்மா, சின்னக்கண்ணு, காளியப்பன் என்று வரிசையாக அத்தனை பேரும் பர்மிய எழுத்தில். பக்கத்தில் தொகையும் பர்மிய எண்ணில். அதில் ஒரு வீட்டு மொய்யைக்கூட அவர் திருப்பிச் செய்யாமல் விட்டதில்லை. காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கருமாதி எல்லாம் முறைப்படி நடந்தது, தாய்மாமன் சீர் வந்தது, பந்தியில் யாருக்கு முதலில் இலை போடுவது என்று சண்டைகூட ஒழுங்காக வந்தது. எல்லாவற்றுக்கும் கணக்கு அந்த எழுத்தில்தான் இருந்தது. எங்கள் அப்பா தமிழர் இல்லையா? பதில் சொல்லுங்கள்.

தமிழை வேறு எழுத்தில் எழுதியதும் நேற்று நடந்த காரியம் இல்லை. நம் ரங்கூன் தமிழ் முஸ்லிம்களின் முன்னோர்கள் பல தலைமுறையாகத் தமிழை அரபு எழுத்தில் எழுதினார்கள். அரபுத்தமிழ் என்று அதற்குப் பெயரே இருக்கிறது. 1554இல் லிஸ்பனில் அச்சடித்த முதல் தமிழ்ப் புத்தகத்தில் தமிழ் ரோமன் எழுத்தில்தான் இருந்தது. அதைச் சொல்லி எல்லா மாநாட்டிலும் பெருமைப்படுகிறோம். பர்மாவின் பழைய தலைநகரான பகானில் பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது என்பதை நம் கோயில் மேடைகளில் நான் இருபது தடவையாவது கேட்டிருப்பேன். கல்லில் இருந்தால் பெருமை, பிள்ளை கையில் தாளில் இருந்தால் அவமானமா?

"மலேசியாவில், சிங்கப்பூரில் பிள்ளைகள் தமிழ் எழுதவில்லையா" என்று கேட்கிறார்கள். எழுதுகிறார்கள். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி, மலேசியாவில் அரசு உதவியோடு தமிழ்ப் பள்ளிகள் நடக்கின்றன. நமக்கு என் வீட்டுப் பாய் இருக்கிறது. சரி, வசதி இருந்தும் பிள்ளையை வகுப்புக்கு அனுப்பாத வீடுகள் நம்மில் இருக்கின்றன, அதை நான் மறுக்கவில்லை, எனக்கு அவர்கள் மேல் கோபம் உண்டு. ஆனால் அந்தக் கோபத்தை அந்த வீட்டுப் பெரியவர்களிடம் காட்டுங்கள், பிள்ளையிடம் காட்டாதீர்கள்.

ஒரு பிள்ளையின் ஒரு நாளை யோசித்துப் பாருங்கள். காலையில் ஆயா தலை பின்னிவிடும்போது தமிழ். கன்னத்தில் தனக்கா என்கிற மரப்பட்டைச் சாந்து பூசிக்கொண்டு, தமெய்ன் என்கிற பச்சைப் பெண்கள் லுங்கி கட்டிப் பள்ளிக்கூடம் போனதும் பர்மியப் பெயர், பர்மியப் பாடம், பர்மியச் சிநேகிதிகள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் புளிச்சோற்று வாசனைக்குத் திரும்பிப் பார்ப்பார்கள். ரோட்டில் யாராவது, இந்தியர்களை மட்டமாகச் சொல்லும் 'கலா' என்ற சொல்லால் கூப்பிடுவார்கள், திரும்பாமல் நடக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். நான் அந்த வயதில் என் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், பள்ளிக்கூட வாசலில் என்னைத் தமிழில் கூப்பிடாதே என்று. அம்மா சரி என்றுவிட்டு அதற்கப்புறம் வாசலுக்கு வரவே இல்லை, தெருமுனையில் மரத்தடியில் நிற்பார். முப்பது வருடம் ஆகிவிட்டது, அந்த மரத்தைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு நெஞ்சை அடைக்கும். கூட்டாளிகள் சிரிப்பார்கள் என்ற பயம் என்னை அப்படிச் செய்ய வைத்தது. இந்தப் பிள்ளைக்கும் அந்தப் பயம் இருக்கும்தானே? இருந்தும் பட்டுப்பாவாடை கட்டி, பூ வைத்து, நானூறு பேருக்கு முன்னால் தமிழ்ப் பாட்டுப் பாட வந்தாள். வெளியே நம்மைக் கலா என்கிறார்கள். சென்னைக்குப் போனால் பர்மாக்காரி என்கிறார்கள். சின்ன அப்பத்தா வீட்டு விசேஷத்துக்குப் போனபோது கல்யாண மண்டபத்தில் ஒரு அம்மா என்னிடம், நீங்க எந்த நாடு, தமிழ் நல்லாப் பேசுறீங்களே என்றார். சொந்தக்காரி என்று சொன்ன பிறகும் நம்பவில்லை. அதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம், அவர்களுக்கு நம்மைத் தெரியாது. அம்மன் சன்னதியில், நம் ஆளே, நம் பிள்ளையைப் பார்த்து நீ இல்லை என்று சொன்னால் அவள் எங்கே போவாள்?

பெரியவரைப் பொதுவில் பேசலாமா என்பார்கள். அவரைச் சின்ன வயதிலிருந்து மாமா என்று கூப்பிட்டு வளர்ந்தவள் நான். கோயிலுக்கு அவர் செய்ததை நான் மறக்கவில்லை, புயலில் கூரை போனபோது முதலில் வந்து நின்றவர் அவர்தான். ஆனால் அவர் பொதுவில்தானே பேசினார்? தனியாகக் கூப்பிட்டு, "அம்மா, அடுத்த தடவை தமிழில் எழுதி வா" என்று சொல்லியிருந்தால் அவள் தலையாட்டியிருப்பாள். மாமா, நீங்கள் தமிழ்ப் பள்ளியை முடித்தபோது பள்ளி இருந்தது. எங்கள் அப்பா உங்களுக்குச் சில வருடம் இளையவர், அவருக்குப் பாதியில் போனது. அதற்கப்புறம் பிறந்தவர்களுக்கு வாசலே இல்லை. உங்கள் கெட்டிக்காரத்தனத்தால் உங்களுக்கு எழுத்து வரவில்லை, நீங்கள் பிறந்த வருடத்தால் வந்தது. உங்கள் வீட்டுப் பேரப்பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட என் வகுப்புக்கு வந்ததில்லை. இதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன், சொல்லிவிட்டேன்.

கோயில் ஆச்சாரம் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்குப் பதில் கிடையாது.

அந்தத் தாள் இப்போது என்னிடம் இருக்கிறது. நிகழ்ச்சி முடிந்து நாற்காலி மடக்கும்போது மைக் ஸ்டாண்டுக்கு அடியில் கிடந்தது, யாரோ மிதித்திருந்தார்கள். வீட்டில் கொண்டுவந்து துடைத்து வைத்து நிதானமாகப் பார்த்தேன். பள்ளி நோட்டில் கிழித்த தாள், நீல மசி. வட்ட வட்டமாகப் பர்மிய எழுத்து. நடுவில் மட்டும் ஏழு இடத்தில் எழுத்து வேறு மாதிரி இருந்தது. உற்றுப் பார்த்தால் 'ழ'. அந்த ஒலிக்குப் பர்மியத்தில் எழுத்து கிடைக்காமல், என்னிடம் நான்கு ஞாயிறு வந்ததில் கற்றுக்கொண்டதை வைத்து, அந்த ஏழு இடத்திலும் தமிழ் எழுத்தையே போட்டிருக்கிறாள். ஒன்றில் சுழி மாறிப்போய், அடித்துவிட்டுத் திருப்பி எழுதியிருக்கிறாள். மாமா ஒரு பார்வைதான் பார்த்தார். இன்னொரு நிமிஷம் பார்த்திருக்கலாம்.

இந்த ஞாயிறு அவள் வகுப்புக்கு வரவில்லை. மத்தியானம் நானே போனேன். பிள்ளை உள்ளே படுத்திருந்தாள், எழுந்து வரவில்லை. ஆயாதான் வாசலில் உட்காரவைத்து டீ கொடுத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் மெதுவாக, "நான்தான் பாட்டத் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேனாம்மா?" என்று கேட்டார். என்ன சொல்வது அவருக்கு? பாட்டு சரிதான் ஆயா, பாட்டில் ஒன்றும் தப்பில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

கோயில் கமிட்டிக்காரர்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். ஆடி இன்னும் முடியவில்லை. கடைசி வெள்ளியன்று அவளுக்கு மைக் கொடுங்கள், அதே பாட்டு, முதலிலிருந்து. ஆயாவை முன்வரிசையில் உட்கார வையுங்கள். தாளை நான் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறேன், கொண்டுவருகிறேன்.