நாலேகால் அங்குலக் குழி

(கிருஷ்ணகிரி. வாடகைக் கார்கள் நிற்கும் புளியமரத்தடி. முனியப்பன் கையில் டீ கிளாஸ். மாதேஷ் கையில் போனும் ஒரு கணக்குப் பேப்பரும்.)

முனியப்பன்: மொத்தம் எத்தனை குழி?

மாதேஷ்: பதினெட்டு, அண்ணா.

முனியப்பன்: பதினெட்டுக் குழிக்காகவா கடற்கரை வரைக்கும் போகிறீர்கள்? என் தோட்டத்தில் முப்பது குழி பாக்கி இருக்கிறது. வந்து வெட்டிக் கொடுங்கள், சாப்பாடு நான் போடுகிறேன்.

மாதேஷ்: வெட்டுவதற்கு இல்லை அண்ணா. ஏற்கெனவே வெட்டி வைத்திருப்பார்கள்.

முனியப்பன்: செடி?

மாதேஷ்: செடி கிடையாது.

முனியப்பன்: குழி மட்டும் வெட்டிவிட்டுச் செடி வைக்கவில்லையா? மானியம் வாங்கியிருப்பார்கள்.

மாதேஷ்: கோல்ப் அண்ணா, கோல்ப்! கம்பால் பந்தை அடித்து அந்தக் குழியில் விழவைக்க வேண்டும்.

முனியப்பன்: அதுவா. டிவியில் சேனல் மாற்றும்போது பார்த்திருக்கிறேன். குழி என்ன அளவு?

மாதேஷ்: விட்டம் நாலேகால் அங்குலம். உலகம் முழுக்க அதே அளவுதான்.

முனியப்பன்: மாங்கன்றுக்கு மூன்றடிக்கு மூன்றடி, மூன்றடி ஆழம். நாலேகால் அங்குலத்தில் முருங்கைப் போத்துகூட நிற்காது. அதைப் போய்க் குழி என்கிறாய். எலி வளை என்று சொல்.

மாதேஷ்: எலி வளையோ என்னவோ, எங்கள் மேனேஜருக்கு அது கடற்கரைப் பக்கம் வேண்டுமாம். சனி, ஞாயிறு இரண்டு நாள். தங்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மைதானம். எல்லாம் கட்டுப்படியாகிற விலையில். நாளைக்குள் சொல்ல வேண்டும்.

முனியப்பன்: மனிதர் ரொம்ப நாளாக ஆடுகிறாரா?

மாதேஷ்: மூன்று மாதமாக. பெங்களூரிலிருந்து புதிதாக ஒரு பெரிய அதிகாரி வந்தார். அவர் கோல்ப் ஆடுவார்.

முனியப்பன்: முன்னால் இருந்த பெரிய அதிகாரி?

மாதேஷ்: அவர் வருஷா வருஷம் சபரிமலை போவார்.

முனியப்பன்: அப்போது உங்கள் மேனேஜர்?

மாதேஷ்: இரண்டு வருஷம் மாலை போட்டார். கூடவே நாங்கள் மூன்று பேரும் போட்டோம்.

முனியப்பன்: சரிதான். அந்த அதிகாரிக்காகப் பதினெட்டுப் படி ஏறினார், இந்த அதிகாரிக்காகப் பதினெட்டுக் குழியில் இறங்குகிறார். அடுத்து வருகிறவர் யோகா செய்கிறவராக இருந்தால் உங்களைத் தலைகீழாக நிறுத்துவார். உடம்பைப் பார்த்துக்கொள் தம்பி.

மாதேஷ்: கிண்டல் வேண்டாம் அண்ணா. நீங்கள் ஊர் ஊராக வண்டி ஓட்டுகிறவர், உங்களுக்குத் தெரியும் என்றுதான் வந்தேன். நானும் இரண்டு நாளாகத் தேடுகிறேன். கோல்ப் இருக்கிற இடத்தில் கடல் இல்லை. ஊட்டியில் இருக்கிறது, வெலிங்டனில் இருக்கிறது. கொடைக்கானலில் 1895-லிருந்து இருக்கிறது.

முனியப்பன்: வெயில் தாங்காமல் மலை ஏறின வெள்ளைக்காரன் கம்பையும் கையோடு கொண்டுபோயிருக்கிறான். அவனுக்குத் தெரிந்திருக்கிறது, இந்தக் கடற்கரை வெயிலில் ஆடினால் பந்துக்கு முன்னால் ஆள் குழியில் விழுவான் என்று.

மாதேஷ்: சென்னையில் நந்தனத்தில் ஒன்று இருக்கிறது.

முனியப்பன்: நந்தனத்தில் கடல் தெரியுமா?

மாதேஷ்: அண்ணா சாலை பக்கத்தில் இருக்கிறது.

முனியப்பன்: பரவாயில்லை. ஹாரன் சத்தத்தை அலைச் சத்தம் என்று நினைத்துக்கொள்ளச் சொல்.

மாதேஷ்: அது கிளப் மைதானம் அண்ணா. தெரிந்த உறுப்பினர் யாராவது வேண்டும். எங்களுக்கு யாரைத் தெரியும்? அதனால்தான் பாண்டிச்சேரிப் பக்கம் ஏதாவது இருக்குமா என்று பார்க்கிறேன். திருவண்ணாமலை, திண்டிவனம் வழியாகப் போனால் இருநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும், இல்லையா? பதினெட்டுக் குழி, பார் எழுபத்திரண்டு இருந்தால் போதும்.

முனியப்பன்: பார் எழுபத்திரண்டா? பாண்டிச்சேரியில் அதற்கு மேலேயே இருக்கும்.

மாதேஷ்: அந்தப் பார் இல்லை! எழுபத்திரண்டு அடியில் ஆட்டத்தை முடிக்க வேண்டும் என்று ஒரு கணக்கு.

முனியப்பன்: உங்கள் மேனேஜர் எத்தனை அடியில் முடிக்கிறார்?

மாதேஷ்: இதுவரை முடித்ததில்லை.

(முனியப்பன் டீயைக் கீழே வைக்கிறார்.)

முனியப்பன்: சரி, பேப்பரில் என்ன எழுதியிருக்கிறாய்? படி.

மாதேஷ்: விளம்பரத்தில் ஓர் இடம் பார்த்தேன். "குறைந்த கட்டணம், ஆளுக்கு 1,500 ரூபாய்" என்று பெரிதாகப் போட்டிருந்தது. போன் செய்தேன். அது வார நாளுக்காம். சனி, ஞாயிறு என்றால் 2,500. இது கிரீன் ஃபீஸ் மட்டும்.

முனியப்பன்: பசுமை வரியா? என் வண்டி பழசு என்று நானும் கட்டினேனே. கோல்ப் பந்தும் புகை விடுமா?

மாதேஷ்: புல்லில் கால் வைக்கக் காசு அண்ணா. கம்புக்கு வாடகை தனி. பந்து தனி. கம்புப் பையைத் தூக்க ஒரு கேடியை வைக்க வேண்டும், அது தனி.

முனியப்பன்: கேடியா? நம்ம ஊரில் கேடி என்றால் போலீஸ் ஸ்டேஷனில் போட்டோ ஒட்டியிருக்கும். அவனிடமா பையைக் கொடுப்பீர்கள்?

மாதேஷ்: பை தூக்குகிறவரின் பெயரே அதுதான். நடக்க முடியாதவர்களுக்குச் சின்ன வண்டி இருக்கிறது, அதற்கும் தனி. காலர் வைத்த சட்டை, அதற்கென்று ஷூ. இல்லையென்றால் உள்ளே விட மாட்டார்கள்.

முனியப்பன்: போதும், நிறுத்து. போன தை மாதம் என் தங்கச்சி மகள் கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்கப் போனேன். வாடகை 40,000 என்றான். மலிவாக இருக்கிறதே என்று அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். அப்புறம் ஒவ்வொன்றாக வருகிறது. ஜெனரேட்டர் தனி. கூட்டிப் பெருக்கத் தனி. அண்டா வாடகை தனி. பந்தியில் போடுகிற பேப்பர் ரோல் தனி. மாப்பிள்ளை ரூமுக்கு ஏசி தனி. கடைசியில் 40,000 எதற்கு என்று கேட்டேன். கேட்டைத் திறந்துவிட என்றான். மலிவு என்று பெரிதாகப் போட்டிருந்தால் பக்கத்தில் சின்னதாக ஒரு நட்சத்திரம் இருக்கும் தம்பி. அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மாதேஷ்: எங்கள் மேனேஜருக்கு அந்தக் கவலை இல்லை. மொத்தச் செலவையும் நாலு பேரும் சமமாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்.

முனியப்பன்: நாலு பேருமா ஆடுகிறீர்கள்?

மாதேஷ்: அவர் மட்டும்தான்.

முனியப்பன்: நீங்கள் மூன்று பேர்?

மாதேஷ்: கைதட்டுவோம். ஆனால் அவர் அடிக்கும்போது சத்தம் போடக் கூடாது. அது விதி.

முனியப்பன்: காசையும் கொடுத்து வாயையும் மூடிக்கொள்ள வேண்டும். ஆபீஸ் மாதிரியேதான் இருக்கிறது.

(சமமாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று முதன்முதலில் சொன்னவர் எந்த ஹோட்டலிலும் தயிர்சாதம் சாப்பிட்டு எழுந்தவராக இருக்க முடியாது. இதை முனியப்பன் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். பட்டவன்.)

மாதேஷ்: ஆனால் ஒன்று அண்ணா. அவர் கடற்கரை கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் இந்த ஆட்டம் கடலோரத்தில்தான் வளர்ந்திருக்கிறது. செயின்ட் ஆண்ட்ரூஸ் என்று ஓர் ஊர். கடலுக்கும் வயலுக்கும் நடுவில் வெறும் மணல்மேடு. உழ முடியாது, ஒன்றும் விளையாது, ஆடு மேயும். அந்த மாதிரி நிலத்துக்கு லிங்க்ஸ் என்று பெயர்.

முனியப்பன்: மேய்ச்சல் புறம்போக்கு என்று சொல்.

மாதேஷ்: கிட்டத்தட்ட.

முனியப்பன்: புறம்போக்கில் ஆடு ஓட்டினவன் ஆடின ஆட்டத்துக்கா காலர் வைத்த சட்டை?

மாதேஷ்: அங்கே முதலில் இருபத்திரண்டு குழி இருந்ததாம். 1764-இல் பதினெட்டாகக் குறைத்திருக்கிறார்கள்.

முனியப்பன்: மானியம் நின்றிருக்கும்.

மாதேஷ்: ஐயோ அண்ணா! இன்னொன்று கேளுங்கள். அந்தப் பழைய மைதானத்தில் இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை வழக்கமாக ஆட்டம் கிடையாது. ஊர் ஜனம் நாயைக் கூட்டிக்கொண்டு அதில் நடந்துபோகும்.

முனியப்பன்: இதை உங்கள் மேனேஜரிடம் சொன்னாயா? கோல்ப் வளர்ந்த ஊரிலேயே ஞாயிற்றுக்கிழமை மனிதனை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள் என்று?

மாதேஷ்: சொல்லவில்லை.

முனியப்பன்: சொல்ல மாட்டாய். அந்தப் பந்தைக் காட்டு.

(மாதேஷ் பையிலிருந்து ஒரு பந்தை எடுத்துக் கொடுக்கிறான். முனியப்பன் அதை உள்ளங்கையில் வைத்து, மண்டியில் காயை எடை பார்ப்பது போல மேலும் கீழும் அசைக்கிறார்.)

முனியப்பன்: ஐம்பது கிராம்கூட வராது.

மாதேஷ்: 46 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி.

முனியப்பன்: விலை?

மாதேஷ்: இது 200 ரூபாய். அடித்துத் தண்ணீரில் விழுந்தால் மூழ்கிவிடும், போனது போனதுதான். போன வாரம் ஏழு போனது.

முனியப்பன்: அப்படியென்றால் கிலோவுக்கு இருபத்திரண்டு பந்து. கிலோ 4,400 ரூபாய்.

மாதேஷ்: இதை யாரும் கிலோ கணக்கில் வாங்குவதில்லை அண்ணா.

முனியப்பன்: நாங்கள் எதையும் கிலோ கணக்கில்தான் பார்ப்போம். 2025-இல் பெங்களூரா மாங்காயைக் கிலோ அஞ்சு ரூபாய்க்குக் கேட்டார்கள், ஞாபகம் இருக்கிறதா? மூன்றடிக் குழி வெட்டி, கன்று வைத்து, அஞ்சு வருஷம் தண்ணீர் ஊற்றி, மருந்தடித்துக் காய்த்த காய். பறிக்கிற கூலிக்கும் வண்டி வாடகைக்கும் காணவில்லை. கூழ் ஃபாக்டரி வாசலில் ராத்திரி முழுக்க டிராக்டர் வரிசையில் நின்றேன். பாதிப் பேர் காயை மரத்திலேயே விட்டுவிட்டார்கள். விளையாத நிலத்தில் நாலேகால் அங்குலக் குழி போட்டவன் நட்சத்திரம் வைத்துக் காசு வாங்குகிறான்.

(கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. பெங்களூர் போகும் பஸ் ஒன்று ஹாரன் அடித்துப் போகிறது.)

மாதேஷ்: பந்தைக் கொடுங்கள் அண்ணா. எண்ணி வைத்திருக்கிறார்.

முனியப்பன்: இந்தா. மணலில் விழுந்தால் என்ன ஆகும்?

மாதேஷ்: அதுதான் பெரிய தண்டனை. மைதானத்தில் அங்கங்கே மணல் பள்ளம் வைத்திருப்பார்கள். அதில் விழுந்தால் வெளியே எடுப்பதற்குள் போதும் போதும் என்று ஆகிவிடும். எங்கள் மேனேஜர் அதில் இறங்கினால் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் ஏறுவார்.

முனியப்பன்: மணல் ஆகாது. ஆனால் கடற்கரை வேண்டும்.

மாதேஷ்: ஆமாம்.

முனியப்பன்: புளி ஆகாது, ரசம் வை என்கிற மாதிரி.

(போன் அடிக்கிறது. மாதேஷ் எழுந்து நின்று எடுக்கிறான். "சரி சார்" ஏழு முறை. வைத்துவிட்டு உட்காருகிறான்.)

முனியப்பன்: என்னவாம்?

மாதேஷ்: மைதானம் கிடைக்காவிட்டால் பரவாயில்லையாம். பாண்டிச்சேரியே போதுமாம். கம்புப் பையைக் கொண்டுவருகிறார். காலை வெயிலில் கடல் பின்னால் தெரிகிற மாதிரி நாலு போட்டோ எடுத்துப் பெரிய அதிகாரிக்கு அனுப்ப வேண்டுமாம்.

முனியப்பன்: அதற்கா மூன்று நாள் தேடினாய்?

மாதேஷ்: இரண்டு நாள்தான். இன்னொன்றும் கேட்டார். மணலில் ஒரே ஒரு குழி போட முடியுமா என்று டிரைவரிடம் கேட்கச் சொன்னார். அளவு சரியாக இருக்க வேண்டுமாம். பெரிய அதிகாரி பார்த்தால் கண்டுபிடித்துவிடுவாராம்.

முனியப்பன்: நாலேகால் அங்குலம்.

மாதேஷ்: நாலேகால்.

முனியப்பன்: எங்கள் வீட்டில் ஒரு பித்தளைச் சொம்பு இருக்கிறது. ஈர மணலில் கவிழ்த்து அழுத்தினால் அளவாக விழும். வண்டி வாடகை இரண்டு நாளுக்கு. டிரைவர் பேட்டா, டோல்கேட் தனி.

மாதேஷ்: சரி அண்ணா. எழுதிக்கொள்கிறேன்.

முனியப்பன்: சொம்பு வாடகை தனி. அதை மட்டும் நாலாகப் பிரிக்காதே, அவர் பேரிலேயே எழுது.