நாலாவது தடவையாக நாகப்பட்டினம்

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு ரயில் டிக்கெட் இரண்டு வருஷமாக ஒட்டியிருக்கிறது. 2020 மார்ச் 27, வெள்ளிக்கிழமை, எழும்பூர் டூ நாகப்பட்டினம், காரைக்கால் விரைவு வண்டி, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கீழ் பெர்த். அதற்கு ஐந்து நாள் முன்னாலேயே ரயிலை நிறுத்திவிட்டார்கள், மூன்று நாள் முன்னால் ஊரையே மூடிவிட்டார்கள். டிக்கெட் பணம் கணக்குக்குத் திரும்பி வந்துவிட்டது, தாள் மட்டும் அங்கேயே இருக்கிறது. கிழித்துப் போடப் போனால் அப்பா விடமாட்டார். "இருக்கட்டும்டா, உனக்கென்ன இடைஞ்சல் பண்ணுது" என்பார்.

இப்போது ஏப்ரல் 2022. கெடுபிடி எல்லாம் தளர்ந்துவிட்டது, ஆளாளுக்கு எங்கேயாவது கிளம்புகிறார்கள், எங்கள் வீட்டு வாட்ஸப் குழுவும் பத்து நாளாகக் கொதித்துக்கொண்டிருக்கிறது. தங்கை கணவர் ஒரு திட்டம் போட்டு அனுப்பியிருக்கிறார். டெம்போ டிராவலர், நாலு நாள், ஒன்பது ஊர். மகாபலிபுரம், புதுச்சேரி, பிச்சாவரம், பூம்புகார், தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், வேளாங்கண்ணி, கோடியக்கரை. காலை ஐந்தரைக்குக் கிளம்பி ஊருக்கு ஒன்றரை மணி நேரம், நடுவில் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் என்று எக்ஸெல்லில் கட்டம் கட்டியிருக்கிறார். கேட்டால், "ரெண்டு வருஷம் வீட்டுலயே கிடந்தோமே மச்சான், அதையெல்லாம் சேர்த்துப் பார்த்துடணும்" என்கிறார். காரைக்காலுக்கு மட்டும் மூன்று மணி நேரம் ஒதுக்கியிருந்தார். காரைக்கால் அம்மையார் கோயிலுக்கு இவ்வளவு நேரமா என்று அம்மா வெள்ளந்தியாகக் கேட்டாள். அது புதுச்சேரியைச் சேர்ந்த ஊர் என்பதும் பாட்டில் விலை அங்கே என்ன என்பதும் குழுவில் மற்ற எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறக்கவில்லை.

எனக்கு இந்தத் திட்டம் பிடிக்கவில்லை. கூப்பிட்டுச் சொன்னேன், கேட்கவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன், இங்கேயாவது படிப்பார்.

நாங்கள் ஊர் பார்க்கப் போகவில்லை மாப்பிள்ளை. அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, நாகூர் பக்கத்தில் இருந்தார். 2020 மார்ச்சில் அவரைப் பார்ப்பதற்குத்தான் அந்த டிக்கெட். அதே வருஷம் ஜூலை நடுவில் ஒரு ராத்திரி அத்தை தவறிப்போனார். கொரோனா இல்லை, நெஞ்சுவலி. அப்போது மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு உட்கார்ந்து விண்ணப்பம் போட்டேன். இறப்புக்குச் சான்று கேட்டது. அந்த நேரத்தில் சான்றுக்கு யாரிடம் போவது? மாமா ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு போனில் படம் எடுத்து அனுப்பினார், அதை ஏற்றினேன், ஆவணம் தெளிவாக இல்லை என்று தள்ளுபடி. மறுபடி போட்டேன், மறுபடி தள்ளுபடி, இந்தத் தடவை காரணம்கூட இல்லை. காலை பதினொரு மணிக்கு அத்தையின் பேரன் வீடியோ காலில் காட்டினான். பையன் அழுதுகொண்டே பிடித்திருந்ததால் பாதி நேரம் பந்தலின் கீற்றும் வானமும்தான் தெரிந்தன. அப்பா சட்டை போட்டு, செருப்பு மாட்டி, கூடத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எதற்குச் செருப்பு என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 17 முதல் கேட்டவர்களுக்கெல்லாம் இ-பாஸ் என்றார்கள். செப்டம்பர் 1இல் தமிழ்நாட்டுக்குள் போக இ-பாஸே வேண்டாம் என்று எடுத்துவிட்டார்கள். அத்தை ஆறு வாரம் முந்திவிட்டார்.

அப்புறம் 2021 மே மாதம் போகலாம் என்றிருந்தோம், இரண்டாம் அலை. சரி, இந்தப் பொங்கலுக்காவது என்று வேளாங்கண்ணியில் அறை போட்டு முழுப் பணமும் கட்டினேன், மூன்றாம் அலை வந்து ஜனவரி 14 முதல் 18 வரை வழிபாட்டுத் தலங்களை மூடி, நடுவில் 16ஆம் தேதி ஞாயிறு முழு ஊரடங்கும் போட்டார்கள். விடுதிக்காரர் பணத்தைத் திருப்பித் தரவில்லை, "அடுத்த தடவை வரும்போது கழிச்சுக்கலாம் சார்" என்றார். இப்போது போன் செய்தால் அப்படி ஒரு கணக்கே இல்லையாம். யாராக இருந்தாலும் முழு முன்பணம் கேட்டால் கட்டாதீர்கள். திருப்பித் தருவதாக வாட்ஸப்பில் ஒரு வரியாவது எழுதி வாங்கிக்கொண்டு பாதி கட்டுங்கள்.

இப்போது தேதிக்கு வருவோம், அதுதான் பெரிய தலைவலி. இந்த வருஷம் பள்ளிக்கூடக் கணக்கே தலைகீழ், பொதுத்தேர்வு எல்லாம் மே மாதம். தங்கை பையன் பத்தாம் வகுப்பு, அவனுக்குப் பரீட்சை முடிய மே 30 ஆகிவிடும். ஜூன் 13 பள்ளி திறக்கிறது. ஆக நமக்குக் கிடைப்பது நடுவில் இருக்கும் பன்னிரண்டு பதின்மூன்று நாள்தான்.

அந்த நாட்களில் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், மீன் குஞ்சு பொரிக்கும் காலம் என்பதால் கிழக்குக் கடற்கரை முழுக்க விசைப்படகு கடலுக்குள் போகக்கூடாது. சென்னையில் இருக்கும் நமக்கு இது காசிமேட்டில் வஞ்சிரம் விலை ஏறும்போதுதான் ஞாபகம் வரும். கடற்கரைக்குப் போய் தினம் மீன் வறுவல் என்று குழுவில் எல்லோரும் எச்சில் ஊறிக்கொண்டிருக்கிறீர்கள், அந்த வாரம் சாலையோரக் கடைகளில் கிடைக்கும் பெரிய மீன் அநேகமாக ஐஸில் வெளியூரிலிருந்து வந்ததாக இருக்கும். நாட்டுப்படகுக்கும் ஃபைபர் படகுக்கும் தடை கிடையாது, அவர்கள் கரைக்குப் பக்கமாகப் போய்வருவார்கள். விடியற்காலை கரையில் போய் நின்றால் நெத்திலியோ, காரப்பொடி மீனோ, கொஞ்சம் நண்டோ கிடைக்கும். அதை வாங்கிக் குழம்பு வையுங்கள். வஞ்சிரம்தான் வேண்டும் என்று கடைக்காரரிடம் சண்டை போடாதீர்கள்.

சொல்லப்போனால் அந்தச் சமயத்தில் நாகப்பட்டினத்து அக்கரைப்பேட்டை மீன்பிடித் துறைமுகத்தைப் பார்க்கவேண்டும். படகெல்லாம் கரையில்தான் இருக்கும். பலகை மாற்றி, பெயின்ட் அடித்து, வலையைப் பரப்பிப் போட்டு நரம்பு கோத்துக்கொண்டிருப்பார்கள். வேடிக்கை பார்க்கிறோம் என்று குறுக்கே போய் நின்று செல்ஃபி எடுக்காமல் இருந்தால் சரி. 2020இல் ஊரடங்கில் மார்ச்சிலேயே கடலுக்குப் போக முடியாமல் போனதால் அந்த வருஷம் தடைக்காலத்தை மே 31உடன் முடித்துக்கொண்டார்கள். இரண்டு வருஷம் அடைந்து கிடந்தோம் என்று நாம் அவர்களிடம் போய்ப் புலம்புவது நன்றாக இருக்காது.

டிசம்பரில் போகலாமே என்கிறாள் தங்கை. வேண்டாம்மா. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் கரையேறியது அந்தப் பக்கம்தான், வேதாரண்யத்துத் தென்னையும் மாவும் படுத்தது மறந்துவிட்டதா? 2020 நவம்பரில் நிவர் வேறு, அது புதுச்சேரிக்குப் பக்கத்தில் போயிற்று. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அறைக்கும் வண்டிக்கும் பணம் கட்டிவிட்டு வானிலை அறிக்கையைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது. ஜனவரி, பிப்ரவரி நல்ல காலம்தான், ஆனால் அப்போது யாருக்கு லீவு?

கோடியக்கரையில் பூநாரைக் கூட்டம் என்று மாப்பிள்ளை ஒரு யூடியூப் வீடியோ அனுப்பியிருந்தார். அழகாகத்தான் இருந்தது. அவை வருவது மழைக்காலத்தை ஒட்டி, ஜூனில் போய் பூநாரைக் கூட்டத்தைத் தேடினால் உப்புக்காற்றுதான் வாங்கலாம். வெளிமான் இருக்கும், அது அங்கேயே இருப்பது. வழியில் வேதாரண்யத்து உப்பளங்களில் வேலை மும்முரமாக நடக்கிற காலம் அது, அதைக் காட்டுங்கள் பையனுக்கு. 1930 ஏப்ரல் 13இல் ராஜாஜி திருச்சியிலிருந்து ஆட்களோடு கிளம்பி நடந்தே வந்து ஏப்ரல் 30இல் உப்பு அள்ளிய இடம். அவன் பரீட்சைக்குப் படித்ததுதான், ஒரு மார்க் கேள்வி. அந்தக் காலை வெயிலில் வரப்பில் பத்து நிமிஷம் நிற்கவைத்தால் கண் கூசும், அப்போதாவது மனதில் நிற்கும்.

ஆக என் திட்டம் இதுதான். ஒன்பது ஊர் கிடையாது. ஜூன் 3 வெள்ளி ராத்திரி எழும்பூரில் ஏறினால் விடிகாலை நாகப்பட்டினம். வேன் வேண்டாம், விழுப்புரம்–நாகை நான்கு வழிச்சாலை வேலை நடக்கிறது, அந்தப் புழுதியிலும் மாற்றுப்பாதையிலும் அப்பாவின் முட்டி தாங்காது. முதல் நாள் அத்தை வீடு, அன்றைக்கு வேறு எதுவும் இல்லை. மாமா தனியாக இருக்கிறார், அவரோடு உட்கார்ந்து சாப்பிடவேண்டும், சாயங்காலம் நாகூர் தர்காவுக்குப் போய்விட்டுத் தெருமுனையில் இறால் வாடா, இறால் வைத்துச் சுடுகிற பலகாரம். அத்தை பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்கெல்லாம் அதை வாங்கித் தருவாராம், அப்பா சொல்வார்.

மிச்ச நான்கு நாளும் தரங்கம்பாடி. நகராமல் அங்கேயே. ஒன்றரை மணி நேரத்தில் பார்க்கிற ஊரா அது? 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை இருக்கிறது, 1845இல் அதை இங்கிலீஷ்காரனுக்கு விற்றுவிட்டுப் போனார்கள். 1706இல் வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு இங்கே உட்கார்ந்துதான் தமிழ் படித்து, அச்சுக்கூடம் வைத்து, 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்து முடித்தார். கோட்டைக்குப் பக்கத்தில் மாசிலாமணிநாதர் கோயில், பாண்டியர் காலத்தது, முன்பகுதியைக் கடல் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. இதையெல்லாம் பார்க்க ஒரு நாள் போதும். மீதி நாள் அப்பா கடலைப் பார்த்து நாற்காலி போட்டு உட்காரட்டும். பாறையும் கல்லுமான கரை, குளிக்கத் தோதில்லை. பிள்ளைகளை இறங்கவிடக் கூடாது, அதில் மாப்பிள்ளையும் சேர்த்தி.

நான்கு நாள் ஒரே இடத்தில் உட்கார்ந்து என்ன பண்ணுவது என்று கேட்பீர்கள். இரண்டு வருஷம் உட்கார்ந்தோமே, பழக்கம்தானே.

டிக்கெட் போட்டாயிற்று. 2020 டிக்கெட்டில் முதியோர் சலுகை உண்டு, அப்பாவுக்கு நாற்பது சதவீதம், அம்மாவுக்கு ஐம்பது. அந்த மார்ச் 20ஆம் தேதி கூட்டம் சேரக்கூடாது என்று நிறுத்தியதை இன்னும் திருப்பித் தரவில்லை. மாஸ்க் கட்டுப்பாடு போனது, தியேட்டர் நிறைகிறது, மெரினாவில் நடக்க இடமில்லை, 68 வயசுக்காரர் ரயிலேறினால் மட்டும் இன்னும் கொரோனா. இந்த ஒரு விஷயத்தில் எனக்கும் மாப்பிள்ளைக்கும் கருத்து வேறுபாடே இல்லை. போதாததற்கு அம்மாவுக்குக் கிடைத்தது அப்பர் பெர்த். யாராவது ஒரு புண்ணியவான் மாற்றிக்கொடுப்பார் என்று நம்பி ஏறப்போகிறோம்.

கடைசியாக ஒரு உதவி. தரங்கம்பாடியில் நான்கு நாளைக்கு வாடகைக்கு வீடோ, வீட்டின் ஒரு பகுதியோ இருந்தால் சொல்லுங்கள். தரைத்தளம், வெஸ்டர்ன் டாய்லெட் கட்டாயம், சமையலறை இருந்தால் நல்லது, கடல் தெரிய வேண்டும் என்றில்லை, நடந்து போகிற தூரம் போதும். முன்பணம் பாதிதான்.