கடைசி வண்டி ஜிப்ஸி

(கோயம்புத்தூர்ல இருந்து ஒரு ஃபோர் பை ஃபோர் (நாலு சக்கரத்துக்கும் இஞ்சின் பவர் போற வண்டி) கிளப்பு, ஜனவரி மாசம், கிட்டத்தட்ட 3,000 கிலோமீட்டர் ஓட்டிக்கிட்டு மணாலிக்கு வந்து, அதுக்கு மேல சோலாங் பக்கம் போலீஸ் தடுப்புல வரிசையா நிக்குது. கடைசி வண்டி ஆர்மி ஏலத்துல எடுத்த பழைய மாருதி ஜிப்ஸி ஜீப்பு. ஸ்டியரிங்ல மாமா, பக்கத்துல அவரு மச்சினன். ரெண்டு பேரும் இதுவரைக்கும் பாத்த பனின்னா ஊட்டியில விடிகாலைல புல்லு மேல வெள்ளையா படிஞ்சிருக்குமே, அது ஒண்ணுதான்.)

மாப்ள: ஏனுங் மாமா, அந்த ஹீட்டர கொஞ்சம் போடுங்களேன், முட்டிக்குக் கீழ காலு இருக்குதா இல்லையான்னே தெரியலீங்க.

மாமா: இது ஆர்மி வண்டி மாப்ள.

மாப்ள: அதுனால?

மாமா: ஹீட்டரெல்லாம் இருக்காது. எல்லையில நிக்கிறவங்க ஹீட்டரா கேட்டாங்க?

மாப்ள: அவங்களுக்கு சம்பளம் குடுக்கறாங்கல்லங்க. நான் லீவு போட்டு, பெட்ரோலுக்கு பாதி காசும் குடுத்து வந்திருக்கேன். இந்த துணி டாப்பு வேற காத்துல படபடன்னு அடிக்குது.

மாமா: பெட்ரோல் வண்டியா இருக்கேன்னு சந்தோசப்படு. டீசல் வண்டிக்காரங்க பாடுதான் பாவம், குளிர் ஏற ஏற டீசல்ல இருக்குற மெழுகு திரண்டு ஃபில்டர அடைச்சிக்கும். லடாக்ல இதுக்குன்னே மைனஸ் 33 வரைக்கும் உறையாத டீசல 2019ல கொண்டு வந்தாங்க, தெரியுமா.

மாப்ள: அக்கா குடுத்து விட்ட தேங்காண்ணெய் டெல்லி தாண்டறதுக்குள்ளயே கல்லாயிருச்சுங்க. அதுக்கு ஒரு வழி சொல்லுங்க மொதல்ல.

மாமா: தலைக்கு எண்ணெய் வெக்கவா இங்க வந்தோம்? சும்மா உக்காந்து வா. மணாலிலயே ஒரு ரப்பர் கம்பூட்டு வாடகைக்கு எடுத்துக்கன்னு சொன்னேன், கேட்டியா?

மாப்ள: வண்டிக்குள்ள உக்காந்துட்டு வர்றவனுக்கு எதுக்குங்க கம்பூட்டு? இந்த ஷூ என்ன கொறச்சலா, சித்தி பையன் நிச்சயதார்த்தத்துக்கு வாங்குனது. அத விடுங்க, இந்த வண்டிக்கு என்னென்ன வாங்கிப் போட்டிருக்கீங்க? மேல வரிசையா லைட்டு, முன்னாடி சிக்குன வண்டிய இழுக்கற வின்ச்சு, கழுத்தளவு தண்ணில போறதுக்கு மூக்கு மாதிரி ஒரு குழாயி, ஆளு ஒசரத்துக்கு ஜாக்கி. இதுல வண்டிய நிறுத்தறதுக்குன்னு எதுங்க வாங்குனீங்க?

மாமா: பிரேக்கு கம்பெனியே குடுத்திருக்கான்ல?

மாப்ள: அதத்தானே உங்க கிளப்பு தலைவரு காலைல இருந்து வாக்கிடாக்கியில தொடாதீங்க தொடாதீங்கங்கறாரு!

மாமா: பனியில சடக்குனு பிரேக்க மிதிச்சா சக்கரம் பூட்டிக்கும், இதுல அப்புடி பூட்டாம பாத்துக்கற ஏபிஎஸ் வேற கெடையாது, அப்பறம் ஸ்டியரிங்க எந்தப் பக்கம் திருப்புனாலும் வண்டி அது பாட்டுக்கு நேரா போகும். ஃபோர் வீல் ட்ரைவுங்கறது போறதுக்கு மாப்ள. நிறுத்தறதுக்கு எல்லா வண்டிக்கும் நாலு வீல்லயும் பிரேக்குதான்.

மாப்ள: அப்ப, இப்ப ஹாரன் அடிச்சிட்டு நம்மள சைடு வாங்கிட்டுப் போனானே, அந்த ஆல்ட்டோக்காரன்?

மாமா: அவனுக்கும் நாலுதான்.

மாப்ள: அப்ப நிக்கிற விசயத்துல நம்மளும் அவனும் ஒண்ணு.

மாமா: அப்புடி சொல்ல முடியாது. நம்ம வண்டி வெயிட்டு ஜாஸ்தி.

மாப்ள: அதுனால?

மாமா: கொஞ்சம் லேட்டா நிக்கும்.

(மாப்ள கண்ணாடி வழியா பள்ளத்தப் பாக்குறாரு. அப்பறம் பாக்காம இருக்கறதே மேல்னு முடிவு பண்றாரு.)

மாமா: போலீஸ்காரர் வர்றாரு பாரு. ஃபோர் பை ஃபோர் மட்டுந்தான் மேல விடுவாங்களாம். அந்த ஆல்ட்டோவத் திருப்பி விட்டாச்சு. நீ உக்காரு, நான் எறங்கி ஹப்பு லாக் பண்ணிட்டு வந்தர்றேன்.

மாப்ள: எறங்கியா? உள்ளதான லீவரு இருக்குது?

மாமா: லீவர் போட்டா மட்டும் பத்தாது, முன்னாடி ரெண்டு சக்கரத்துலயும் நடுவுல ஒரு திருகு இருக்கும், அதக் கையால லாக்குக்கு திருப்புனாத்தான் முன் வீலுக்கு பவர் போகும்... டேய், திரும்ப மாட்டேங்குதுடா, பனி உறைஞ்சு கெடக்கு. அந்த ஃபிளாஸ்க்க எடு.

மாப்ள: மாமா வேண்டாங்க. அது சுக்கு காப்பிங்க. கடைசி டம்ளருங்க!

மாமா: குடு இங்க.

(ஊத்துறாரு. ஹப்புல ஆவி பறக்குது. கருப்பட்டி வாசம். ஒரு ‘டக்’. போலீஸ்காரர் குனிஞ்சு மோந்து பாத்துட்டு, ஒண்ணும் சொல்லாம கைய ஆட்டி விடுறாரு.)

மாப்ள: பனி மலைக்கு வந்து சக்கரம் சுக்கு காப்பி குடிக்குது, நான் வாயால கைய ஊதிட்டு உக்காந்திருக்கேன்.

மாமா: பொலம்பாத. டயரு மேல சுத்தற செயின எடு, வழுக்காம இருக்க மாட்டிருவோம். தலைவர் சொல்லிட்டாரு, அடல் டனலுக்கு அந்தப் பக்கம் தேவைப்படுமாம், இங்கயே ஒருக்கா மாட்டிப் பாத்து ரெடியா வெச்சிக்கணுமாம்.

(பனியில படுத்து, உருண்டு, கையுறைய கழட்டி, மறுபடி போட்டு, ஒருத்தர ஒருத்தர் திட்டி, கால் மணி நேரம்.)

மாப்ள: மாமா, கொக்கி எட்ட மாட்டேங்குதுங்க. பெரிய தொப்பைக்கு சின்ன அரணாக்கயிறு மாதிரி ஒரு ஜாண் பத்தல.

மாமா: எப்புடிடா? ஜிப்ஸி சைஸுன்னு கேட்டுத்தான வாங்குனேன்?

மாப்ள: ஜிப்ஸி சைஸு சரிதாங்க. போன தீபாவளிக்கு கெத்தா இருக்கட்டும்னு பெரிய டயரு மாத்துனீங்களே, அதுக்கு யாருங்க சைஸு கேட்டது?

மாமா: ...

மாப்ள: தலைவர் கிட்ட சொல்லட்டுங்களா?

மாமா: சொன்னீன்னா உன்ன இங்கயே எறக்கி விட்டுருவேன். மொதல் கியர்ல, நாலு சக்கரமும் மெதுவா இழுக்கற ஃபோர் லோவுல போனா செயினே வேண்டாம். எடுத்து உள்ள போடு.

(வரிசை நகருது. மலையக் குடைஞ்சு போட்ட அடல் டனல் வாய். உள்ள போனதும் காத்து நின்னு, ரோடு காஞ்சு, லைட்டு வெளிச்சம்.)

மாமா: பாத்தியா மாப்ள! 9.02 கிலோமீட்டர், 10,000 அடிக்கு மேல, 2020 அக்டோபர் 3ஆந்தேதி தொறந்தாங்க. முன்னாடியெல்லாம் ரோத்தாங் கணவாய் ஏறி எறங்கணும், அது 13,000 அடி, வருசத்துல பாதி பனி மூடிக் கெடக்கும். அந்தப் பக்கம் லாஹௌல்காரங்களுக்கு குளிர்காலத்துல ஒடம்புக்கு முடியலைன்னா ஹெலிகாப்டர்தான்.

மாப்ள: தேதியெல்லாம் நல்லா ஞாபகம் வெச்சிருக்கீங்க. எங்கக்காவ கட்டுன தேதி என்னங்க?

மாமா: டனலுக்குள்ள சிக்னல் சரியா கெடைக்காது மாப்ள.

மாப்ள: நான் பக்கத்துலதாங்க உக்காந்திருக்கேன்... அதென்னங்க ஸ்டியரிங்க புடிச்சு மல்லுக்கட்டறீங்க, கீழ வேற கர்ருங்குது?

மாமா: அய்யய்யோ, பின் சக்கரம் மட்டும் இழுக்கற டூ ஹைக்கு மாத்தல! காஞ்ச ரோட்டுல ஃபோர்ல போவக் கூடாதுடா. திரும்பறப்ப முன் சக்கரமும் பின் சக்கரமும் வேற வேற தூரம் போகும், பனியில வழுக்கி அதுவே சரி பண்ணிக்கும், இங்க வழுக்க எடமில்லாம அந்த முறுக்கு பூராவும் கியர்ல போய் ஏறும்.

மாப்ள: ஆக, வழுக்குனா போடணும், வழுக்கலைன்னா எடுக்கணும். இதுக்கு 3,000 கிலோமீட்டரு.

(டனல் முடிஞ்சு வெளிய. கண்ணு கூசுற வெள்ளை. சிஸ்ஸு பக்கம் எறக்கம், நெழல் விழுந்த எடத்துல ரோடு பளபளன்னு மின்னுது.)

மாப்ள: மாமா, பரவால்லயே, இங்க ரோடு தண்ணி ஊத்திக் கழுவி வெச்ச மாதிரி இருக்குதே.

மாமா: அது தண்ணி இல்ல. கருப்பு ஐஸு. கண்ணாடி கணக்கா உறைஞ்சிருக்கும், அடியில தாரு தெரியறதுனால கருப்பா தெரியுது. ஃபோர் லோ போட்டாச்சு, ஒண்ணாவது கியரு, ரெண்டு காலும் எதையும் தொடல, இஞ்சினே புடிச்சுக்கும். பாரு, நடக்கற ஸ்பீடுதான்.

மாப்ள: மாமா, பின்னாடி பக்கம் லேசா சைடுல போவுதுங்க.

மாமா: லேசாத்தான.

மாப்ள: இந்தப் பக்கம் தடுப்புச் சுவரே இல்லீங்க!

மாமா: நீ எதுக்குடா அங்க காலால மிதிக்கற? உன் பக்கம் பிரேக்கு இல்ல.

மாப்ள: வேண்டாங்க, நடக்கற ஸ்பீடுதான்னா நான் நடந்தே வந்தர்றேன். எங்கம்மாவுக்கு ஒரே பையன். நாலு சக்கரத்த விட ரெண்டு கால் மேலுங்க, நிறுத்துங்க!

மாமா: நிறுத்தறதுக்குத்தான்டா இவ்வளவு நேரம்... சரி, அந்த மணல் போட்ட எடத்துல நிக்கும். எறங்கு, பாத்து எறங்கு, கதவப் புடிச்சிக்க, டேய் அந்த ஷூவோட...

(ஒரு ‘சர்ர்ர்’. நிச்சயதார்த்த ஷூ ரெண்டும் வானத்தப் பாக்குது. மாப்ள மல்லாக்க, போர்வையோட, ஜிப்ஸியத் தாண்டி, முன்னாடி நிக்கிற மஹிந்திரா தார் ஜீப்பத் தாண்டி, அதுக்கும் முன்னாடி உள்ள தலைவர் வண்டியத் தாண்டி போய்க்கிட்டே இருக்காரு.)

மாமா: (வாக்கிடாக்கியில) தலைவரே, ஒண்ணும் பயப்படாதீங்க, அது நம்ம ஆளுதான்... இல்லீங்க, செயின் போடலீங்க... ஆமாங்க, முன் பக்கம் போய் ஒரு பனிக்குவியல் இருக்குல்லங்க, அதுல நிப்பான்... நின்னுட்டானுங்களா? நல்லா நின்னானா? அப்ப நம்ம வண்டியும் அங்கயே நிக்கும், அவன மட்டும் கொஞ்சம் ஓரமா எடுத்து வெச்சிருங்க.