சம்பளத் தேதி தள்ளிப்போகும் மாதமே கணக்கைத் தொடங்குங்கள்

ஒரு விமான கம்பெனி திவால் என்றால் நம் ஊரில் முதல் கேள்வி, டிக்கெட் பணம் திரும்புமா என்பதுதான். மீனம்பாக்கத்தில் கவுன்டரிலும் ஹேங்கரிலும் நின்றவர்களின் பாக்கி எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை. இது அவர்களுக்கான பதிவு.

விமானம் நிற்பதற்கு முன்பே சம்பளம் தடுமாறும். 2012 அக்டோபரில் கிங்ஃபிஷர் நின்றபோது ஊழியர்களுக்குப் பல மாத பாக்கி. 2019 ஏப்ரல் 17-ல் ஜெட் ஏர்வேஸ் நிற்பதற்கு முன்னாலும் அதே கதை. முதலில் தேதி தள்ளும், அப்புறம் தவணையாக வரும், கடைசியில் "முதலீட்டாளருடன் பேச்சு நடக்கிறது, பொறுமை காக்கவும்" என்று மெயில் வரும். நிர்வாகம் பொய்தான் சொல்கிறது என்றில்லை, பல நேரம் அவர்களும் நம்பிக்கொண்டுதான் இருப்பார்கள். ஆனால் தொகையும் தேதியும் இல்லாத மெயிலை வைத்து வீட்டு வாடகை கட்ட முடியாது.

அந்த மாதமே பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். பிடித்த பணம் அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். பிடித்த வருமான வரி உங்கள் பான் கணக்கில் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். கிங்ஃபிஷரில் பிடித்த வரியே அரசுக்குப் போய்ச் சேராமல் சிக்கலானது. பே ஸ்லிப், நியமனக் கடிதம், ரோஸ்டர் எல்லாவற்றையும் சொந்த மெயிலுக்கு அனுப்பிக்கொள்ளுங்கள். கம்பெனி மெயில் எந்த நாளும் மூடப்படலாம்.

திவால் மனுவைக் கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் (என்.சி.எல்.டி.) ஏற்றுக்கொண்டதும் உறவே மாறிவிடுகிறது. அதுவரை பதில் சொன்ன எச்.ஆர். மேனேஜருக்கு இனி அதிகாரம் இல்லை, அவருக்கும் சம்பள பாக்கி வரவேண்டியதுதான். அதிகாரம் தீர்ப்பாயம் நியமிக்கும் தீர்வு நிபுணரிடம், ஆர்.பி. என்பார்களே, அவரிடம் போய்விடும். ஊழியர் 'படிவம் டி'-யில் பாக்கியைக் கோர வேண்டும். கடைசித் தேதி பத்திரிகை அறிவிப்பில் இருக்கும். வழக்கு கம்பெனியின் பதிவு அலுவலகம் இருக்கும் ஊரில் நடக்கும். ஜெட்டுக்கு மும்பை, 2023-ல் நின்ற கோ ஃபர்ஸ்ட் விமான கம்பெனிக்கு டெல்லி. சென்னை ஸ்டேஷன் ஆட்கள் தனித்தனியாக ஓடாமல் ஒரே பிரதிநிதி மூலம் போவது நல்லது.

பலர் ஏமாறுவது இங்கேதான்: திவால் நடவடிக்கை ஓடும் காலத்தில் பெயர் ரோலில் இருந்தாலே சம்பளம் உண்டு என்று நினைக்கிறார்கள். 2022-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆர்.பி. கம்பெனியை உண்மையிலேயே நடத்தி, நீங்களும் வேலை செய்திருந்தால்தான் அந்தக் காலச் சம்பளம் திவால் நடவடிக்கைச் செலவாக முதலில் கிடைக்கும். அழைக்கப்பட்ட நாட்களுக்கு ஆதாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனியைக் கலைத்துவிட்டால், யாருக்கு முதலில் பணம் என்று திவால் சட்டத்தின் 53-வது பிரிவு வரிசை போடுகிறது. நடவடிக்கைச் செலவுக்கு அடுத்து, தொழிலாளர்களின் 24 மாத பாக்கி வங்கிக் கடனோடு சம இடத்தில். மற்ற ஊழியர்களுக்கு 12 மாதம், அதுவும் அதற்குக் கீழே. எனவே நீங்கள் சட்டப்படி 'தொழிலாளி'யா என்பதே பணம். பதவிப் பெயரை விட நீங்கள் உண்மையில் செய்த வேலைதான் எடைபோடப்படும்.

பி.எஃப்., கிராஜுவிட்டி நிதி இந்த வரிசைக்கே வெளியே. ஜெட் விவகாரத்தில் அந்த பாக்கியை முழுதாகத் தரச் சொல்லி 2022 அக்டோபரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை மாற்றவில்லை. ஆனால் வாங்க வந்தவர்களின் திட்டமே நடக்காமல், 2024 நவம்பரில் கம்பெனியைக் கலைக்க உத்தரவு வந்தது.

ஏன் இவ்வளவு குறைவாகத் தேறுகிறது? விமானங்கள் பெரும்பாலும் குத்தகை. 2023 அக்டோபரில் வந்த அரசு அறிவிப்புக்குப் பிறகு, உரிமையாளர் எடுத்துப்போகாமல் தடுக்கும் திவால் தடைக்காலமும் அவற்றுக்குக் கிடையாது. கோ ஃபர்ஸ்ட்டின் 54 விமானங்களின் பதிவை நீக்க 2024 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சொத்து என்று நாம் பார்த்தது அடுத்தவன் பொருள்.

இன்னொன்று: மூடிய கம்பெனியில் பி.எஃப். வெளியேறும் தேதியைப் பதிய ஆள் இருக்காது. கடைசி சந்தாவுக்கு இரண்டு மாதம் கழித்து யு.ஏ.என். (உங்கள் பி.எஃப். உறுப்பினர் எண்) தளத்தில் அதை நீங்களே பதியலாம்.