தியேட்டரில் மயக்கப் பக்கம் நிற்கிற நேர்ஸுக்கு யார் சொல்லிக் கொடுப்பது?

மலையகத்து ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைத் தியேட்டருக்குப் புதிதாக மாறி வரும் தாதிய உத்தியோகத்தருக்குக் கிடைக்கிற பயிற்சி பல இடங்களில் ஒரே வசனம்தான்: "மிஸ், கூட நின்னு பார்த்துப் பழகிக்கோங்க." வெட்டுகிற பக்கத்தில் இது ஓரளவு செல்லும். ஆயுதத் தட்டை அடுக்கவும் துணியை எண்ணவும் அங்கே ஒரு சீனியர் பக்கத்தில் நிற்பார். எண்ணிக்கை பிழைத்தால் அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். மயக்கப் பக்கம் அப்படியில்லை. வரிசையாகக் கேஸ்கள் சுகமாகப் போகும், ஜூனியருக்கு எது தெரியாது என்பது யாருக்கும் தெரியாமலே போகும். ஒரு நாள் நோயாளியின் மூச்சுக்குழாய்க்குள் டியூப் போகாமல் நிற்கும்போதுதான் அது வெளியே வரும். அப்போது சொல்லிக் கொடுக்க நேரம் இருக்காது.

வழிகாட்டல் என்பது மனமுள்ள சீனியர் ஓய்வு நேரத்தில் செய்கிற தர்மமாக இருக்கும் வரை இது மாறாது. ரோஸ்டரில் மணித்தியாலம் போட்டு, படிப்படியாகச் செய்வித்து, கையொப்பம் வைக்கிற வேலையாக அது மாற வேண்டும். தொழிலுக்காகக் குரல் கொடுப்பதும் அந்தக் கையொப்பத் தாளில் இருந்துதான் தொடங்க முடியும்.

உடனே சிலர் அமெரிக்காவைக் காட்டுவார்கள். அங்கே நேர்ஸ் அனஸ்தெட்டிஸ்ட் தாமாகவே மயக்கம் கொடுக்கிறாரே, நமக்கு ஏன் அது இல்லை என்று. இலங்கையில் மயக்கம் கொடுப்பது டொக்டரின் வேலை, நேர்ஸ் உதவிக்கு நிற்பவர். அந்த எல்லையை நாளைக்கே நகர்த்தக் கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அவர்கள் அந்த இடத்துக்கு வந்த வரிசையைப் பார்க்கலாம். சத்திரசிகிச்சை டொக்டர்களான மாயோ சகோதரர்களிடம் வேலை செய்த ஆலிஸ் மகா என்ற நேர்ஸ் 1906இல் 14,000க்கும் மேற்பட்ட மயக்கங்களின் கணக்கை அச்சில் வெளியிட்டார், மயக்கத்தால் நேரடியாக ஒரு மரணமும் இல்லை என்று. அகதா ஹொட்ஜின்ஸ் என்ற நேர்ஸின் தலைமையில் நேர்ஸ் அனஸ்தெட்டிஸ்ட்மாரின் தேசிய சங்கம் உருவானது 1931இல். மயக்கம் கொடுப்பது நேர்ஸ் செய்யக்கூடாத வைத்தியத் தொழில் என்று போடப்பட்ட வழக்கைக் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் தள்ளியது 1936இல். முதலில் பதிவேடு, பிறகு சங்கம், பிறகுதான் நீதிமன்றம். நம்மிடம் சங்கங்களுக்குக் குறைவில்லை. ஒரு நேர்ஸ் எத்தனை மயக்க மெஷினைச் சரிபார்த்தார், எத்தனை ஸ்பைனலுக்கு (முதுகில் ஊசி போட்டு உடம்பின் கீழ்ப்பகுதியை மரக்கச் செய்வது) நோயாளியைப் பிடித்தார் என்ற கணக்கு எந்த அலுமாரியில் இருக்கிறது?

சரி, என்ன சொல்லிக் கொடுப்பது?

முதல் வாரம் மெஷினும் சிலிண்டரும் மட்டும் போதும். நோயாளி பக்கமே போக வேண்டாம். நிரம்பிய ஒக்சிஜன் சிலிண்டர் ஏறக்குறைய 137 பார் காட்டும். பாதி காட்டினால் உள்ளே பாதிதான். நைட்ரஸ் ஒக்சைட் அப்படியல்ல. உள்ளே திரவமாக இருப்பதால் கடைசிச் சொட்டு ஆவியாகும் வரை மீற்றர் 44 பார் அளவிலேயே நிற்கும், பிறகு சடாரென்று விழும். இதை வாயால் சொன்னால் ஜூனியர் மறந்துவிடுவார். ஒரு சிலிண்டர் முடிகிற நாளில் மீற்றர் முன்னால் நிறுத்திக் காட்ட வேண்டும். சக்‌ஷனைப் போட்டு, குழாயை விரலால் அடைத்து இழுவை வருகிறதா என்று பார்த்து, நுனியைத் தலையணைக்குக் கீழ் வைப்பது. குரல்வளையைப் பார்க்க உதவும் லரிங்கோஸ்கோப்பின் கைபிடி இரண்டு, 3ஆம் 4ஆம் நம்பர் பிளேட், இரண்டிலும் பல்ப் இறுகியிருக்கிறதா என்று விரலால் திருகிப் பார்ப்பது. பெண்களுக்கு 7 அல்லது 7.5 டியூப், ஆண்களுக்கு 8, எப்போதும் அரை சைஸ் சிறியது ஒன்று பக்கத்தில். டியூபைச் சுற்றியுள்ள சின்ன பலூனான கஃபை 10 மி.லீ. சிரிஞ்சால் ஊதி, ஒழுகவில்லை என்று பார்த்து, காற்றை முழுக்க வெளியே எடுத்து வைப்பது. இதில் அம்பு பை விடுபடுவதைத்தான் அதிகம் பார்க்கலாம். மெஷின் நின்றால் கையால் மூச்சுக் கொடுக்க வேறு வழியில்லை. அது அலுமாரிக்குள் இருந்தால் இல்லாததற்குச் சமம்.

அவசர சீசருக்கு (சிசேரியன் பிரசவத்துக்கு) முழு மயக்கம் என்றால், வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போகாமல் தடுக்க, கழுத்தில் கிரிகொய்ட் என்ற குருத்தெலும்பு வளையத்தை அழுத்தச் சொல்லிக் கேட்பார்கள். விழித்திருக்கும்போது 10 நியூட்டன், மயங்கியதும் 30. நியூட்டனில் சொன்னால் யாருக்கும் கை பழகாது. சமையலறைத் தராசு ஒன்றை மேசையில் வைத்து, மூன்று விரலால் அழுத்தி 1 கிலோ, பிறகு 3 கிலோ காட்டச் சொல்லுங்கள். முதலில் கண்ணைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டு. கூடுதலாக அழுத்தினால் டொக்டருக்குக் குரல்வளை தெரியாமல் போகும், டியூப் போகாததற்குக் காரணம் நம்முடைய கையாகவே இருக்கும். எடுக்கச் சொன்னால் எடுக்க வேண்டும். நோயாளி வாந்தியெடுக்கத் தொடங்கினாலும் எடுத்துவிட வேண்டும்.

டியூப் போனதும், வெளிமூச்சின் காபனீரொட்சைட்டை வளைகோடாகக் காட்டும் கெப்னோகிராப் திரையைப் பார்க்கப் பழக்க வேண்டும். நெஞ்சு ஏறுவதும் டியூபில் பனி படிவதும் ஏமாற்றும். வளைகோடு மூச்சுக்கு மூச்சு ஒரே உயரத்தில் தொடர்ந்து வர வேண்டும். இரண்டு மூன்று வந்து தேய்ந்தால் டியூப் வயிற்றில்.

மருந்துத் தட்டு தனிப் பாடம். தசை தளர்த்தும் மருந்துகளான சக்ஸமெத்தோனியமும் அட்ராகூரியமும் 2 முதல் 8 பாகை வரை ஃபிரிட்ஜில். மலையில் மின்வெட்டு எப்போதும் வரும், எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்கு வந்தது என்று ஃபிரிட்ஜ் கதவில் எழுதுவது நேர்ஸின் வேலை. லேபல் நிறங்கள் மனப்பாடமாக வேண்டும்: தசை தளர்த்துவது சிவப்பு, தூங்க வைப்பது மஞ்சள், மோர்பின் வகை நீலம், பிரஷர் ஏற்றுவது ஊதா, அட்ரோபின் வகை பச்சை. பிரஷர் ஏற்றும் எபெட்ரின் 30 மி.கி. அம்பியூலை 10 மி.லீ. ஆக்கினால் மில்லிலீட்டருக்கு 3 மி.கி. இந்தக் கணக்கை ஜூனியர் வாய்விட்டுச் சொல்லி முடித்த பிறகே சிரிஞ்ச் கைக்குப் போக வேண்டும்.

எல்லாவற்றையும் விட எனக்குப் பயம் தருவது டிரனெக்சாமிக் அசிட். சீசரில் இரத்தப்போக்குக்கு அது வேண்டும், அதனால் எல்லாத் தியேட்டரிலும் இருக்கும். ஸ்பைனலுக்கான பியூபிவகெய்ன் அம்பியூலோடு சேர்த்துப் பார்த்தால் சில கம்பனிகளின் அம்பியூல்கள் அச்சு அசல் ஒன்றுபோல இருக்கும். மாறி முதுகில் போனால் வலிப்பு வரும், இதயத் துடிப்பு குலையும், ஏறக்குறைய பாதிப் பேருக்கு உயிர் மிஞ்சாது. உலக சுகாதார நிறுவனம் 2022இல் இதற்கென்றே எச்சரிக்கை விடுத்தது. "கவனமாக இருங்கள்" என்பது இதற்குத் தீர்வாகாது. அந்த மருந்தை மயக்கத் தட்டிலிருந்தும் மயக்க அலுமாரியிலிருந்தும் அகற்றி, அறையின் மறுபக்கத்தில் பூட்டுள்ள லாச்சியில் வைப்பதே தீர்வு. ஸ்பைனல் அம்பியூலை நேர்ஸ் வாசிக்க, டொக்டர் திரும்ப வாசிக்க, பிறகே உடைக்க வேண்டும். காசு செலவில்லாத மாற்றம் இது. இன்னும் செய்யாத தியேட்டர் ஏன் செய்யவில்லை என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

இனி நம்முடைய மலைக்கே உரியவை. பாடப் புத்தகங்கள் கடல் மட்டத்துக்கு எழுதப்பட்டவை. நுவரெலியா 1868 மீற்றரில் இருக்கிறது, அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 80 வீதம். நைட்ரஸ் ஒக்சைட்டோடு 30 வீதம் ஒக்சிஜன் வைத்தால் கொழும்பில் 24 வீதம் வைத்ததற்குச் சமம். கொழும்பில் பயிற்சி எடுத்து வந்த பிள்ளைக்கு இதை யாராவது சொன்னால்தான் தெரியும். மோர்பின் ஏற்றிய நோயாளியை ரிகவரியிலிருந்து ஒக்சிஜன் இல்லாமல் வோர்டுக்கு அனுப்பும்போது கையிருப்பு அங்கே குறைவு.

குளிர் அடுத்தது. மயக்கத்தின் முதல் மணித்தியாலத்திலேயே உடம்பின் உள்வெப்பம் 1 பாகைக்கு மேல் இறங்கும். சில்லென்ற ஸ்டோரில் இருந்த சேலைனை அப்படியே ஏற்றினால் இன்னும் இறங்கும், எழும்பும்போது நடுக்கம் வரும், நடுங்குகிற உடம்பு ஒக்சிஜனை அள்ளிக் குடிக்கும். சேலைனைச் சூட்டுப் பெட்டியில் வையுங்கள். பெட்டி இல்லையென்றால் கம்பளியைக் கூட்டுங்கள், தலையையும் மூடுங்கள். ஆனால் சுடுதண்ணீர்ப் போத்தலை ஸ்பைனல் போட்ட காலுக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. கால் மரத்திருக்கும், சுடுவது தெரியாது. இரக்கப்பட்டு வைத்ததால் தோல் வெந்துபோகும்.

இடமாற்றம் இன்னொன்று. நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகக் கண்டிக்கு ஏறக்குறைய 75 கிலோமீற்றர். மூடுபனியும் மண்சரிவும் சேர்ந்தால் மூன்று மணித்தியாலம் பிடிக்கும். 680 லீட்டர் கொள்ளும் ஈ அளவு சிலிண்டர் நிமிடத்துக்கு 10 லீட்டரில் 68 நிமிடம்தான் ஓடும். மூன்று மணித்தியாலத்துக்கு 1800 லீட்டர், பாதை தடைப்பட்டால் என்று பாதியைக் கூட்டினால் 2700. அதாவது நான்கு சிலிண்டர். அம்பியூலன்ஸில் இரண்டு இருந்தால் "இரண்டு இருக்கு" என்பது பதிலாகாது. இந்தக் கணக்கைப் போடத் தெரிந்த நேர்ஸ், வண்டி கிளம்ப முன் நிறுத்திவைக்கவும் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

மொழியைப் பற்றி யாரும் பயிற்சித் தாளில் எழுதுவதில்லை. "ஒன்னும் சாப்பிடாதீங்க" என்றால் தோட்டத்து அம்மா காலையில் பால் தேத்தண்ணி குடித்துவிட்டு வருவார். அவருடைய கணக்கில் தேத்தண்ணி சாப்பாடு இல்லை. மயக்கத்தின் கணக்கில் பால் சேர்ந்தால் 6 மணித்தியாலம், வெறும் சாயத்தண்ணி என்றால் 2. ஆகவே கேள்வி "சாப்பிட்டீங்களா" என்று இருக்கக் கூடாது. "கடைசியா வாயில என்ன போட்டீங்கம்மா, எத்தன மணிக்கு, தேத்தண்ணில பால் இருந்துச்சா?" என்று கேட்க வேண்டும். வெற்றிலையையும் கேளுங்கள், கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்த பாக்கு டியூபுக்கு முன்னால் வந்து நிற்கும். ஸ்பைனலுக்கு உட்கார வைத்து, "நாடிய நெஞ்சில வைங்க, முதுக வெளிய தள்ளுங்க, அசைய வேணாம்" என்று நோயாளியின் மொழியில் சொல்ல ஒருவர் இல்லையென்றால் ஊசி படும்போது அவர் துள்ளத்தான் செய்வார். சிங்களம் மட்டும் தெரிந்த சீனியருக்கு இந்த வசனங்களையெல்லாம் தமிழ் ஜூனியர் சொல்லிக் கொடுக்கலாம். வழிகாட்டல் மேலிருந்து கீழே மட்டும் வரவேண்டும் என்று எங்கேயும் சட்டமில்லை.

கஷ்டமான பாடம் வாய் திறப்பது. 2005இல் இங்கிலாந்தில் எலேன் புரோமிலி என்ற பெண் சிறிய சத்திரசிகிச்சை ஒன்றுக்குப் போய் இறந்தார். மூச்சு வழி கிடைக்காமல் டொக்டர்மார் டியூப் போடவே முயன்றுகொண்டிருந்தார்கள். ஒரு நேர்ஸ் கழுத்தில் வழி திறக்கும் செட்டைக் கொண்டு வந்தார், இன்னொருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டில் கேட்டார். என்ன செய்ய வேண்டும் என்று நேர்ஸ்மாருக்குத் தெரிந்திருந்தது, அதை டொக்டர்மாரின் காதில் ஏறும்படி எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. பிரிட்டனின் கடினச் சுவாசப்பாதைச் சங்கம் 2015இல் எல்லையை எண்ணிக்கையாகவே வைத்தது: மூன்று முயற்சி, அனுபவம் கூடியவர் வந்தால் இன்னும் ஒன்று. எண்ண வேண்டியவர் நேர்ஸ். இரத்தத்தில் உள்ள ஒக்சிஜன் அளவான சட்டுரேஷனையும், டியூபுக்குப் பதிலாகக் குரல்வளைக்கு மேல் வைக்கிற எல்.எம்.ஏ. என்ற மாஸ்க்கையும் அவரே நினைவுபடுத்த வேண்டும். "சேர், சட்டுரேஷன் 88." "சேர், இது மூணாவது தடவை, எல்.எம்.ஏ. கையில இருக்கு." "சேர், நிப்பாட்டுங்க, மாஸ்க்கால ஒக்சிஜன் குடுப்போம்." இந்த மூன்று படியையும் டொக்டர் வேலை செய்கிற மொழியில், கேஸ் இல்லாத நேரத்தில், கன்சல்டன்டும் கூட நிற்க, சத்தமாகச் சொல்லிப் பழக வேண்டும். கன்சல்டன்ட் நிற்காவிட்டால் அது வெறும் நாடகம்.

இதையெல்லாம் எப்போது செய்வது? இங்கேதான் குரல் கொடுப்பது வருகிறது. ஒரு வழிகாட்டிக்கு ஒரு ஜூனியர், முடியாவிட்டால் இருவர், அதற்கு மேல் வேண்டாம். வாரத்துக்கு 4 மணித்தியாலம் ரோஸ்டரில் தனியாக, அந்த நேரத்தில் இருவரையும் வேறு அறைக்கு இழுக்கக் கூடாது. மேற்பார்வையில் 20 மெஷின் சரிபார்ப்பு, 20 ஸ்பைனல், 20 டியூப் கேஸ், 5 குழந்தைகள், ஒவ்வொன்றுக்கும் எதிரில் வழிகாட்டியின் கையொப்பம். இந்த எண்கள் என் அபிப்பிராயம், உங்கள் தியேட்டரின் வேலைப்பளுவைப் பார்த்து மாற்றுங்கள். இத்தனையும் முடித்தவரை ஆறு மாதத்தில் கண் வோர்டுக்கு மாற்றினால் எல்லாம் வீண். பயிற்சி முடித்தவரைக் குறைந்தது இரண்டு வருடம் தியேட்டரில் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் முதல் கோரிக்கையாக இருக்க வேண்டும். அலவன்ஸ் அதற்குப் பிறகு.

கடிதம் எழுதுகிறவர்களுக்கு: இரண்டு பக்கத்துக்கு மேல் போகாதீர்கள். மூன்று மாதப் பதிவேட்டை இணையுங்கள். எத்தனை கேஸில் பயிற்சி பெற்ற உதவியாளர் இருந்தார், எத்தனையில் இல்லை, என்ன தவறவிருந்து பிடிபட்டது என்று பெயர் எதுவும் போடாமல் எழுதுங்கள். முதலில் மயக்க மருந்து கன்சல்டன்டின் கையொப்பத்தை வாங்குங்கள், பிறகு தியேட்டர் சிஸ்டர், பிறகு மேட்ரன். அதன் பிறகே பணிப்பாளர். இந்த வரிசை மாறினால் கடிதம் "அபிப்பிராயத்துக்கு" என்று எழுதப்பட்டுத் திரும்பவும் கன்சல்டன்டின் மேசைக்கே வரும், அதற்குள் வருடாந்த இடமாற்றப் பட்டியல் வெளியாகிவிடும்.